ஒரே ஏற்பாடு, மூன்று துறைகள்: வெளிநாட்டு கிளினிக்கல் போஸ்டிங் சேவை ஒன்றின் மதிப்பீடு

மறுவாழ்வுச் சிகிச்சை படிக்கும் மாணவர்களை வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு கிளினிக்கல் போஸ்டிங்குக்கு, அதாவது நோயாளிகளிடம் நேரடியாகப் பயிற்சி பெற, அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் இப்போது பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் வழியாக எங்கள் கல்லூரியின் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சை), ஸ்பீச் தெரபி (பேச்சு, விழுங்குதல் சிக்கல்களுக்கான சிகிச்சை) மாணவர்கள் ஒரே பருவத்தில் ஒரே மறுவாழ்வு மருத்துவமனைக்குச் சென்று திரும்பினார்கள். போஸ்டிங்குகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் என்ற முறையில், விண்ணப்பம் முதல் இறுதி மதிப்பெண் தாள் வரை கூடவே இருந்து கவனித்ததையும், நடுவில் அங்கேயே சென்று வார்டுகளில் நின்று பார்த்ததையும் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று துறை மாணவர்களிடமும் ஒரே கட்டணத்தை வாங்கிக்கொண்டு, ஒரே மாதிரியான கால அட்டவணையைத்தான் நிறுவனம் கையில் கொடுத்தது. பிசியோதெரபி மாணவர்களுக்கு அது கொடுத்த பணத்துக்குத் தகுந்த பயிற்சியாக அமைந்தது. ஆக்குபேஷனல் தெரபி மாணவர்களுக்குப் பாதிப் பயன்தான் கிடைத்தது. ஸ்பீச் தெரபி மாணவர்களுக்கோ, ஒரு பிரிவைத் தவிர, மற்ற நேரமெல்லாம் ஓரமாக நின்று பார்ப்பதிலேயே கழிந்தது. மருத்துவமனையின் தரத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்த மூன்று துறையினரும் நோயாளியை அணுகும் வழி ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டது என்பதை ஏற்பாடு செய்தவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை.

பிசியோதெரபியில் என் மனத்தில் நிற்பது, கிளப் ஃபுட் எனப்படும் பிறவி வளைபாதத்துக்கு பொன்செட்டி முறையில் சிகிச்சை அளிக்கும் வாராந்திர கிளினிக். எங்கள் மாணவி குழந்தையின் காலைத் தாங்கிப் பிடித்திருக்க, சூப்பர்வைசர் கணுக்காலில் உள்ள தாலஸ் எலும்பின் தலைப்பகுதியில் கட்டைவிரலை வைத்து எதிரழுத்தம் கொடுத்தபடி, பாதத்தை மெல்ல வெளிப்புறமாகத் திருப்பி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். குதிகால் எலும்பைப் பிடித்துத் திருப்பக்கூடாது என்பதை வகுப்பில் படித்தவர்தான் அந்த மாணவி. இருந்தும் அவருடைய கை தன்னையறியாமல் குதிகாலை நோக்கி நகர்ந்தது. சூப்பர்வைசர் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தக் கையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். முதல் மாவுக்கட்டில் பெருவிரல் பக்கத்தை உயர்த்தி உள்வளைவைச் சரிசெய்வது, வாரத்துக்கு ஒரு கட்டு என ஐந்தாறு கட்டுகளில் பாதத்தைப் படிப்படியாகத் திருப்புவது, பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படும் குதிநாண் வெட்டு (குதிகாலின் தசைநாணை வெட்டும் சிறு அறுவை), அதன் பிறகு மூன்று மாதங்களுக்கு நாளொன்றுக்கு 23 மணி நேரமும் பின்னர் நான்கைந்து வயது வரை உறங்கும் நேரத்திலும் அணியவேண்டிய, பாதத்தைத் திருத்திய நிலையிலேயே பிடித்துவைக்கும் பிரேஸ் என்று, சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் குழந்தைகளை ஒரே காலைப் பொழுதில் அங்கே பார்க்க முடிந்தது. உள்ளூரில் இத்தனையையும் காண ஒரு மாணவர் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். பிரேஸை விடாமல் அணிவிக்கும்படி பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் வேலை மட்டும் மாணவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பெற்றோரின் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்பீச் தெரபிக்கு வந்தால், அந்த மொழிதான் சிகிச்சையின் பெரும்பகுதி. பக்கவாதத்தால் அஃபேசியா எனப்படும் மொழித்திறன் பாதிப்பு ஏற்பட்ட ஒருவரிடம் எங்கள் மாணவர் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். சீப்பின் படத்தைக் கண்டதும் நோயாளி ஏதோ சொன்னார்; நிறுவனம் அமர்த்தியிருந்த மொழிபெயர்ப்பாளர், சீப்பு என்று சொன்னதாகத் தெரிவித்தார்; மாணவரும் சரியான விடை என்று குறித்துக்கொண்டார். நோயாளி சொன்னது தலைமுடி என்பதை அருகிலிருந்த மருத்துவமனை தெரபிஸ்ட் பிறகு விளக்கினார். மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல முடியாது. நோயாளி என்ன சொல்ல வந்தார் என்பதைப் புரிந்துகொண்டு சொல்வதுதான் எந்த மொழிபெயர்ப்பாளரும் செய்யும் வேலை. ஆனால் அஃபேசியாவில் அந்தப் பிழைதான் நோயறிதலுக்கான தடயம். பொருளால் நெருங்கிய சொல் வருகிறதா, ஒலியால் நெருங்கிய சொல் வருகிறதா, பொருளற்ற ஒலிக்கோவை வருகிறதா என்பதை வைத்துத்தான் சிகிச்சையைத் திட்டமிடுகிறோம். குழந்தைகளின் உச்சரிப்புப் பிரிவிலும் இதே நிலைதான். ஒரு மொழியின் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்திய சோதனையை மொழிபெயர்த்து வேறொரு மொழிக் குழந்தைக்குக் கொடுத்தால் அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. இதையெல்லாம் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரிடம் நிறுவனம் முன்பே கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

விதிவிலக்காக அமைந்த பிரிவு, விழுங்குதல் சிரமத்துக்கான டிஸ்ஃபேஜியா பிரிவு. அங்கே உணவின் திடத்தையும் பானத்தின் அடர்த்தியையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் ஐடிடிஎஸ்ஐ முறையைப் பின்பற்றுகிறார்கள். 10 மில்லி சிரிஞ்சில் பானத்தை நிரப்பி, 10 விநாடிகள் வழியவிட்டு, எஞ்சியிருக்கும் அளவைப் பார்த்து, 1 முதல் 4 மில்லி வரை நின்றால் நிலை 1, 4 முதல் 8 வரை நின்றால் நிலை 2 என்று மாணவர்களே சோதித்து, கேஸ் ஷீட்டில் எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்தாலும் இது அவர்களுக்கு உதவும். போஸ்டிங் முழுவதையும் இந்தப் பிரிவிலேயே அமைத்திருந்தால் என் மதிப்பீடு வேறாக இருந்திருக்கும்.

ஆக்குபேஷனல் தெரபியில் சிக்கல் வேறு விதமானது. சக்கர நாற்காலிப் பிரிவு அருமையாக நடந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லும் எட்டுப் படிகளில், அளவெடுப்பது, பொருத்திப் பார்ப்பது, பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது ஆகியவற்றை மாணவர்கள் தாங்களே செய்தார்கள். ஆனால் வீட்டுக்குச் சென்று பார்க்கும் பணி அட்டவணையில் ஒரு நாள்கூட இல்லை. ஒருவர் எந்த உயரத்தில் சமைக்கிறார், எங்கே குளிக்கிறார், வாசலில் எத்தனை படி ஏறுகிறார் என்பதைப் பார்க்காமல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எப்படித் திட்டம் போடுவார்? அதைவிடப் பெரிய குறை, கைச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மணி நேரங்களைப் பதியும் எங்கள் மாணவர்களின் லாக் புக்கில் கையெழுத்திட்டவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். திறமையானவர், பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர். ஆயினும் அவர் வேறு துறையினர் என்பதால் அந்த மணி நேரங்களை எங்களால் ஏற்க முடியவில்லை. விளம்பரத் தாளில் இருந்ததோ, தகுதி பெற்ற நிபுணரின் மேற்பார்வை என்ற பொதுவான வரி மட்டும்தான்.

இந்த மணிக்கணக்கு வெறும் அலுவலக நடைமுறை என்று நினைப்பவர்கள் உண்டு. மாணவரின் பட்டமும் தொழில்முறைப் பதிவும் இதில்தான் நிற்கின்றன. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு குறைந்தது 1,000 மணி நேர நேரடிப் பயிற்சியை எதிர்பார்க்கிறது. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி மாணவர் இரண்டாம் நிலைக் களப்பயிற்சியை (படிப்பின் பிற்பகுதியில் வரும் நேரடிப் பயிற்சியை) வெளிநாட்டில் முடிக்கலாம். ஆனால் சூப்பர்வைசர் அந்தக் கூட்டமைப்பு அங்கீகரித்த படிப்பை முடித்து, குறைந்தது ஓராண்டு அனுபவம் பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்க வேண்டும். அங்கே ஸ்பீச் தெரபிக்கான ஆஷா (அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம்) சான்றிதழ் பெற 400 மணி நேரம் வேண்டும். அதில் 25 மணி நேரம்தான் பார்வையாளராக இருக்கலாம், மேற்பார்வையிடுபவரும் அந்தச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். எனவே எந்த நாட்டு மாணவரானாலும், தன் படிப்பை அங்கீகரிக்கும் அமைப்பின் விதியைப் படித்துவிட்டு, சூப்பர்வைசரின் துறையையும் பதிவெண்ணையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்ட வேண்டும். தங்குமிடத்தின் புகைப்படங்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பயணத்துக்கு முந்தைய சேவையில் தங்குமிடமும் விமான நிலைய வரவேற்பும் குறையில்லாமல் இருந்தன. தடுப்பூசி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை வழக்கமாக 0, 1, 6 மாதங்கள் என மூன்று தவணைகளாகப் போடுகிறார்கள். அந்தச் சான்று தேவை என்ற அறிவிப்பு புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வந்தது. ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். சுற்றுலா விசாவே போதும் என்று நிறுவனம் முதலில் சொன்னது. நாங்கள் தூதரகத்தில் கேட்டபோது, நோயாளிகளைத் தொட்டுப் பயிற்சி பெறுவதற்கு அது செல்லாது என்றார்கள். பயணக் காப்பீட்டுக்குள் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் (சிகிச்சையில் தவறு நேர்ந்தால் உதவும் காப்பீடு) அடங்கும் என்று எழுதியிருந்ததும் பத்திரத்தைப் படித்துப் பார்த்தபோது உண்மையில்லை என்று தெரிந்தது. விளம்பரத்துக்காக நோயாளிகளுடன் மாணவர்கள் எடுத்துக்கொண்ட படங்களை நிறுவனம் கேட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாத எந்தப் படத்தையும் அனுப்பக்கூடாது என்று மாணவர்களுக்கு உத்தரவிட்டோம், அவர்களும் அனுப்பவில்லை.

அந்த மருத்துவமனைத் தெரபிஸ்டுகள் தங்கள் வழக்கமான வெளிநோயாளிகளில் ஒருவரைக்கூடக் குறைத்துக்கொள்ளாமல்தான் எங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நேரம் போனபடியால் மதிய உணவைத் தள்ளிப்போட்டு கேஸ் ஷீட்டுகளைத் திருத்திக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். வெளிநாட்டு மருத்துவப் பயிற்சிக்கான நெறிமுறைகள் 2010-இல் வகுக்கப்பட்டபோது, விருந்தளிக்கும் மருத்துவமனையின் செலவையும் சுமையையும் அனுப்புபவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமாக இடம்பெற்றது. மாணவர் செலுத்தும் கட்டணத்தில் மருத்துவமனைக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேட்டோம். அது வணிக ரகசியம் என்று பதில் வந்தது. என் பார்வையில் இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுதான்.

மற்றக் குறைகளைப் பட்டியலிட்டு அனுப்பிய கடிதத்துக்கு நிறுவனம் மரியாதையாகவே பதில் அளித்தது. சூப்பர்வைசரின் துறையையும் பதிவெண்ணையும் முன்பணத்துக்கு முன்பே தருவதாகவும், தடுப்பூசிப் பட்டியலை விண்ணப்பப் படிவத்துடனேயே அனுப்புவதாகவும், ஆக்குபேஷனல் தெரபி அட்டவணையில் வீட்டுப் பார்வையைச் சேர்ப்பதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. கட்டணப் பங்கீடு பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்த பருவத்துக்குப் பிசியோதெரபி மாணவர்களின் விண்ணப்பங்களைக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். ஆக்குபேஷனல் தெரபி விண்ணப்பங்கள் பதிவெண் வரும் வரை என் மேசையிலேயே இருக்கும். ஸ்பீச் தெரபியில், நோயாளிகளின் மொழியைப் பேசத் தெரிந்தவர்களுக்கும், டிஸ்ஃபேஜியா பிரிவை மட்டும் கேட்பவர்களுக்கும் பரிந்துரைக் கடிதம் கொடுப்பதாகத் துறைத் தலைவருடன் பேசி முடிவு செய்திருக்கிறோம்.