குளித்த நீர் எங்கே போக வேண்டும்? சிறு பாய்மரப் படகின் வடிகால் வழிகள்

முப்பது அடிப் பாய்மரப் படகில் குளியலறை என்பது கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் சேர்ந்த, ஓர் அலமாரி அளவிலான இடம். அதன் தரை பெரும்பாலும் கடல் மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். வீட்டில் குளித்த நீர் பள்ளம் பார்த்துத் தானாக ஓடிவிடும். இங்கே அதைத் தூக்கித்தான் வெளியே தள்ள வேண்டும். அதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. என் படகு மலாக்கா நீரிணையில் கிடந்த ஆண்டுகளில் நான்கையும் பழகிப் பார்த்தேன். நாளுக்கு இரண்டு முறை குளிக்காமல் இருக்க முடியாத வெக்கை அங்கே.

முதல் வழி, வடிகாலை நேரே பில்ஜுக்குள், அதாவது படகின் அடிவயிற்றுப் பள்ளத்துக்குள், விட்டுவிடுவது. 1970, 80களில் கட்டப்பட்ட சிறு படகுகள் பலவற்றில் இந்த ஏற்பாடுதான். நான் வாங்கியபோது என் படகும் அப்படித்தான் இருந்தது. தனி பம்ப் வேண்டாம், படகின் உடலில் புதிதாகத் துளை போட வேண்டாம், பில்ஜ் பம்பே எல்லாவற்றையும் இறைத்துவிடும். நான்கில் எளிமையானது இதுதான். நான்கில் மோசமானதும் இதுதான்.

முடியும் சோப்புக் கசடும் சேர்ந்தால் முதலில் சிக்குவது மிதவை சுவிட்ச், அதாவது நீர் ஏறினால் பம்பை ஓடவைத்து இறங்கினால் நிறுத்தும் சுவிட்ச். ஒருநாள் காலையில் எழுந்தபோது பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்தது. முடிக்கற்றை ஒன்று மிதவையைக் கீழே இறங்கவிடாமல் பிடித்திருந்ததால் பம்ப் இரவெல்லாம் வறண்டே ஓடியிருக்கிறது. அதே முடி மிதவையை மேலே எழவிடாமல் பிடித்திருந்தால், உண்மையான கசிவு வந்த அன்று பம்ப் ஓடியே இருக்காது. வெப்பக் கடலில் அந்த நீர் இரண்டே நாளில் நாறத் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. பில்ஜில் நீரைக் கண்டால், எண்ணெய் வாடை இல்லாதபட்சத்தில், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது படகோட்டிகளின் பழைய வழக்கம். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது: புரொப்பெல்லர் தண்டின் சீல், படகின் உடலிலுள்ள துளைகளைத் திறந்து மூடும் கடல் வால்வுகள், ஹோஸ் கிளிப்புகள் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். கரிக்காவிட்டால் மழைநீரோ குடிநீர்த் தொட்டியின் கசிவோதான். தினமும் குளித்த நீர் அங்கே போய்ச் சேர்ந்தால் இந்தச் சோதனை செல்லாது. எப்போதும் ஈரமாக இருக்கும் பில்ஜில் புதுக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜினிலிருந்து சொட்டும் எண்ணெயோடு சோப்பு கலப்பது இன்னொரு தொல்லை. எண்ணெய் உறிஞ்சும் வெள்ளைத் துணிப்பட்டைகள் நீரின் மேல் மிதக்கும் எண்ணெயைத்தான் பிடிக்கும். சோப்பு அதைப் பால்போலக் கரைத்துவிட்டால் அது பட்டைகளில் சிக்காமல் கடலுக்குப் போய்விடும். அமெரிக்காவில் எண்ணெய்ப் படலத்தைச் சோப்பு போட்டுக் கலைப்பது சட்டத்துக்கு விரோதம்.

பெட்டியா, டயாஃப்ரமா?

உண்மையான போட்டி இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் இடையில்தான்.

இரண்டாவது, வடிகால் பெட்டி. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வடிகட்டி, சிறிய மையவிலக்கு பம்ப், மிதவை சுவிட்ச் மூன்றும் இருக்கும். ஷவரைத் திறந்தால் பெட்டி நிறையும், மிதவை எழும், பம்ப் ஓடும், வேலை முடிந்ததும் தானே நிற்கும். விருந்தினருக்கு எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வசதிக்காகவே இதை விரும்புபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நீர் தன் எடையால் இறங்கி வந்தால்தான் பெட்டி நிறையும். ஆகவே அது குளியல் தரையைவிடத் தாழ்வாக உட்கார வேண்டும். சிறு படகில் அந்தத் தரைக்கும் படகின் உடலுக்கும் இடையே சில விரற்கடை இடைவெளிதான் இருக்கும். வேறு போக்கில்லாமல் பெட்டியைப் பில்ஜுக்குள்ளேயே இறக்குகிறார்கள். அங்கே வைத்தால் குனிந்து கைவிட்டுச் சுத்தம் செய்ய யாருக்கும் மனம் வராது. பம்ப் நின்றதும் ஹோஸில் நிற்கும் நீர் பெட்டிக்கே திரும்பி வருகிறது. 19 மி.மீ. ஹோஸ் 3 மீட்டர் நீளம் இருந்தால் அது ஏறக்குறைய 0.85 லிட்டர். ஒருவழி வால்வு போட்டால் திரும்பாது. ஆனால் அந்த வால்விலும் முடி சிக்கும். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவாமல் விட்டு, ஒரு மாதம் கழித்து மூடியைத் திறந்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறப் பசை மறக்காது.

மூன்றாவது, டயாஃப்ரம் பம்பும் ஒரு பொத்தானும். பெட்டியே கிடையாது. வடிகாலிலிருந்து ஒரு ஹோஸ் பம்புக்கு, பம்பிலிருந்து இன்னொரு ஹோஸ் வெளியே. வட அயர்லாந்தின் பாங்கர் நகரைச் சேர்ந்த வேல் நிறுவனத்தின் கல்பர் 220 இந்த வகையில் பெயர் பெற்றது. அது நிமிடத்துக்கு சுமார் 14 லிட்டர் இறைக்கும். சிக்கனமான ஷவர் முனையிலிருந்து 5, 6 லிட்டர்தான் வரும் என்பதால் தாராளமாகப் போதும். ரப்பர் சவ்வு அசைந்து அசைந்து உறிஞ்சுவதால் காற்றையும் இழுக்கும், வறண்டு ஓடினாலும் கெடாது, முடியையும் சிறு அழுக்கையும் விழுங்கி வெளியே அனுப்பிவிடும். என் முடிவைத் தீர்மானித்தது இன்னொன்று: உறிஞ்சும் பம்ப் என்பதால் அதைத் தரைக்கு மேலேயே, இருக்கையின் அடியில், கை எட்டும் உலர்ந்த இடத்தில் பொருத்த முடிந்தது. மின்கம்பி இணைப்புகள் உப்பு நீரைப் பார்ப்பதே இல்லை.

சத்தம் போடும், உண்மைதான். நள்ளிரவில் ஒருவர் குளித்தால் படகு முழுக்கக் கடகடவென்று கேட்கும். விலையும் பொதுவாகப் பெட்டியைவிடக் கூடுதல். தானியங்கி இல்லாததை மட்டும் நான் குறையாகக் கருதவில்லை. நீர் வடிவதைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துபவர் தாமாகவே நீரை அளந்து செலவழிக்கிறார். உடலை நனைத்து, ஷவரை மூடி, சோப்பு தேய்த்து, மீண்டும் திறந்து அலசினால் 10 லிட்டருக்குள் ஒரு குளியல் முடிந்துவிடும்.

எந்த பம்பாக இருந்தாலும் வெளியேறும் வாய் நீர்க்கோட்டுக்கு நன்றாக மேலே இருக்கட்டும். காற்றில் படகு சாயும்போது அந்த வாய் கடலுக்குள் மூழ்கினால், கடல்நீர் அதே ஹோஸ் வழியே சைபனாகத் திரும்பி ஏறி வரும். வேறு இடம் இல்லையென்றால் ஹோஸை உயரமாக வளைத்து உச்சியில் காற்று வால்வு பொருத்துவது கட்டாயம்.

நான்காவது வழி, உள்ளே குளிக்காமல் பின்தளத்தில் குளிப்பது. அதன் தரை கடல் மட்டத்துக்கு மேலே இருப்பதால் நீர் தானாக வடியும். கறுப்புப் பையில் நீரை நிரப்பி வெயிலில் தொங்கவிட்டால் வெந்நீரும் கிடைக்கும். 25 அடிக்குக் குறைந்த படகு என்றால் இதையே செய்யுங்கள். சுற்றிலும் படகுகள் நிற்கும் துறைமுகத்தில் ஒரு திரை வேண்டும், அவ்வளவுதான்.

பில்ஜுக்கு எது?

குளியல் நீர் விலகியபின் பில்ஜுக்குள் மிஞ்சுவது கசிவு மட்டும். அதற்கு மிதவை சுவிட்சோடு கூடிய மையவிலக்கு பம்பே பொருத்தம்: மலிவு, அதிக அளவு இறைக்கும். டயாஃப்ரம் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சும், ஆனால் அவ்வளவு வேகம் வராது. பம்ப் வரும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் இறைப்பு அளவை மட்டும் நம்பிவிடாதீர்கள். மணிக்கு 1100 கேலன் என்றால் நிமிடத்துக்கு 69 லிட்டர். அது நீரை உயரே தூக்காமல் அளந்தது. ஒரு மீட்டருக்கு மேல் தூக்கி, உட்புறம் மடிப்பு மடிப்பான ஹோஸ் வழியே தள்ளும்போது பாதி வந்தாலே நல்லது. நீர்க்கோட்டுக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. ஹோஸ் ஒன்று கழன்றாலோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 லிட்டர் உள்ளே பாயும். மின்பம்பால் அதை வெல்ல முடியாது. வால்வை மூடவோ மர ஆப்பை அடிக்கவோ சற்று அவகாசம் தரும். அதனால்தான் ஒவ்வொரு கடல் வால்வின் கழுத்திலும் அதன் அளவுக்கேற்ற ஆப்பு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன்.

பேட்டரி நீரில் மூழ்கியபின் எஞ்சுவது கைப்பம்ப். உலகப் பாய்மர அமைப்பான வேர்ல்டு செய்லிங்கின் திறந்த கடல் விதிகள் இதில் கண்டிப்பானவை: நீண்ட பந்தயங்களுக்கு நிரந்தரமாகப் பொருத்திய கைப்பம்புகள் இரண்டு, அவற்றில் ஒன்றைக் கதவுகள் எல்லாம் மூடியிருக்கும்போதும் வெளியிலிருந்து இயக்க முடிய வேண்டும், கைப்பிடி தொலையாதபடி கயிறு கட்டியிருக்க வேண்டும், கூடவே 9 லிட்டருக்குக் குறையாத உறுதியான வாளிகள் இரண்டு. பந்தயத்துக்கே போகாத என் படகிலும் இவை அனைத்தும் இருக்கின்றன.

இப்போது பில்ஜில் சேர்வது தண்டுச் சீலிலிருந்து சொட்டும் நீர் மட்டுமே, வாரத்துக்கு ஒரு கிண்ணம். ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பதற்கு முன் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். கரிக்கிறது.