பழைய ராக்வெல் மெஷினும் கொருக்குப்பேட்டைக் கத்திப் பட்டறையும்

கொருக்குப்பேட்டையில் உள்ள எங்கள் கத்திப் பட்டறைக்கு ஒரு பழைய ராக்வெல் ஹார்ட்னஸ் டெஸ்டர், அதாவது ஸ்டீல் எவ்வளவு கடினம் என்று எண்ணில் சொல்லும் மெஷின், வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கத்தி செய்கிற நண்பர்கள் பார்க்கும்போதெல்லாம் "வாங்கலாமா, பழசை நம்பலாமா" என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் கத்தியில் நம்பர் போட்டு விற்கலாம் என்ற ஆசையில் வாங்க வேண்டாம். உலையும் எண்ணெயும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா என்று பார்க்க வாங்குங்கள். எனக்கு அது உழைத்ததெல்லாம் இந்த இரண்டாவது வேலையில்தான்.

நாங்கள் அதிகம் எடுப்பது லாரிப் பட்டை (லாரியின் ஸ்பிரிங் தகடு), இ.என். 31 (பேரிங் ஸ்டீல்), ஓ.எச்.என்.எஸ். (எண்ணெயில் இறுகும் டூல் ஸ்டீல்) ஆகிய மூன்று ஸ்டீல்கள். முன்பெல்லாம் தோய்ச்சல் (சூடான கத்தியை எண்ணெயில் முக்கி இறுக்குவது) முடிந்ததும் அரத்தை வைத்துத் தேய்ப்போம். அரம் வழுக்கினால் ஸ்டீல் இறுகிவிட்டது, கடித்தால் இறுகவில்லை. அந்த அளவுக்கு அது நல்ல சோதனைதான், இன்றைக்கும் முதலில் அதைத்தான் செய்கிறோம். டெம்பரிங் (இறுகிய கத்தியை மிதமாகச் சூடாக்கி, முறியும் தன்மையைக் குறைப்பது) முடிந்த கத்தி ராக்வெல் எண்ணில் 56-இல் நிற்கிறதா 60-இல் நிற்கிறதா என்று கேட்டால் அரத்தால் சொல்ல முடியாது. லேபுக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் அடுத்த உலைச் சரக்கும் வெந்துவிடும்.

கையடக்க டிஜிட்டல் டெஸ்டர் வாங்கச் சொல்லிப் பலர் ஆசை காட்டுவார்கள். அது லீப் முறை. ஒரு சின்னக் குண்டு பொருளில் மோதித் திரும்பும் வேகத்தை அளக்கும். வழக்கமான டி வகை முனைக்குப் பொருள் 5 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் கனமான அடித்தளத்தோடு இறுக்கமாகப் பிணைக்க வேண்டும். 200 கிராம் கத்தியில் வைத்தால் கத்தியே அதிரும், திரையில் வருவது வெறும் எண். இது கிரேன் கொக்கிக்கும் பெரிய ரோலருக்கும் ஆன கருவி. கத்திக்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ராக்வெல் வேலை செய்யும் விதம் எளிது. 120 டிகிரி வைரக் கூம்பு, முனையில் 0.2 மி.மீ. ஆரம். முதலில் 10 கிலோ அழுத்தம், அந்த இடத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு மொத்தம் 150 கிலோவுக்கு ஏற்றி, மறுபடி 10-க்கு இறக்குவார்கள். கூம்பு எவ்வளவு ஆழம் கூடுதலாக இறங்கி நின்றது என்பதை டயல் காட்டும். சி ஸ்கேலில் ஒரு பாயின்ட் என்பது 0.002 மி.மீ. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பழைய மெஷினில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும். கத்திக்கு அடியில் ஒரு பிசிறு துரு சிக்கினால் ஐந்தாறு பாயின்ட் பறந்துவிடும்.

எங்களுக்குக் கிடைத்தது அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு பழைய மெஷின் வியாபாரியிடம். லீவரும் எடைகளும் உள்ள முழு மெக்கானிக்கல் மாடல், கரன்ட் வேண்டாம். புது விலையில் பாதிக்கும் கீழே முடிந்தது. பச்சைப் பெயின்ட் புத்தம் புதிதாக அடித்திருந்தார்கள். பெயின்ட்டுக்கு நான் ஒரு ரூபாய்கூட மதிப்புப் போட மாட்டேன்.

முதலில் பார்க்க வேண்டியது வைரம். பத்து மடங்கு லென்ஸ் கையோடு கொண்டுபோங்கள். முனை உடைந்திருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம், தேய்ந்து மழுங்கியிருக்கலாம். மழுங்கிய வைரம் ஆழமாக இறங்காது, அதனால் ஸ்டீல் உள்ளதைவிடக் கடினமாகத் தெரியும். விற்பவருக்கு இது வசதி, உங்களுக்கு ஆபத்து. கூடவே வந்த டெஸ்ட் பிளாக் (மெஷினைச் சரிபார்க்க, கடின எண் முன்பே தெரிந்த ஸ்டீல் கட்டி) இரண்டு பக்கமும் குத்துக் குழியாக இருந்தது. டெஸ்ட் பிளாக்கில் முத்திரை உள்ள ஒரு பக்கம்தான் செல்லும், பின்பக்கம் குத்தினால் முன்பக்கமும் தட்டையாக உட்காராது. அந்த வியாபாரி அதைக் 'காலிபரேஷன் பிளாக்' என்று தனி விலை போட்டிருந்தார். வேண்டாமென்று சொல்லி, புது வைரமும் சான்றிதழோடு 60-ஐ ஒட்டிய ஒரு பிளாக்கும் வெளியே வாங்கினோம். சில ஆயிரங்கள் ஆகும். இதையும் சேர்த்ததுதான் மெஷினின் உண்மையான விலை. பேரம் பேசும்போதே இதைக் கழித்துப் பேசுங்கள்.

பின்பக்கம் தொங்கும் எடைகள் அதே மெஷினுடையவையா என்று பாருங்கள். லீவர் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு மெஷினின் எடையை மாட்டிவிட்டால் 150 என்று எழுதியிருந்தாலும் முனையில் 150 இறங்காது. அடுத்தது டேஷ்பாட், லீவர் இறங்கும் வேகத்தைத் தணிக்கும் எண்ணெய்ச் சிலிண்டர். கைப்பிடியை விட்டதும் லீவர் தடதடவென்று விழாமல் நான்கைந்து நொடியில் நிதானமாக இறங்க வேண்டும். விழுந்தால் எண்ணெய் வற்றியிருக்கிறது, அது பெரிய குறையில்லை, விலை குறைக்க நல்ல காரணம்.

எல்லாம் பார்த்த பிறகு, நீங்கள் கொண்டுபோன பிளாக்கில் நான்கைந்து இடத்தில் குத்துங்கள். வைரத்தையோ ஆன்விலையோ (பொருளை வைக்கும் அடித்தாங்கி) மாற்றியிருந்தால் முதல் இரண்டு குத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது உட்கார எடுத்துக்கொள்ளும் நேரம். பிளாக் 60 என்றால் மெஷின் எல்லா முறையும் 58.5 காட்டினால் நான் வாங்குவேன், சரி செய்துகொள்ளலாம். ஒருமுறை 60, ஒருமுறை 57, ஒருமுறை 61 என்று காட்டினால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே லீவரைத் தாங்கும் கத்திமுனை போன்ற கூரான தாங்கிகள் தேய்ந்திருக்கலாம், தூக்கும் ஸ்க்ரூ ஆடலாம். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆயுள் போய்விடும்.

வண்டியில் ஏற்றும் முன் எடைகளையும் வைரத்தையும் கழற்றி, லீவர் ஆடாதபடி கட்டைகொடுத்துக் கட்ட வேண்டும். குட்டி யானையில் அப்படியே நிற்கவைத்துக் கொண்டுவந்தால், நம் சாலைகளின் குலுக்கலில் அந்தத் தாங்கிகள்தான் முதலில் அடிவாங்கும்.

கொண்டுவந்த பிறகு வந்த தலைவலி எங்கள் ஏரியாவுக்கே உரியது. பக்கத்தில் கூட்ஸ் ரயில் போகும், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக உறுமும். முதலில் மர மேஜையில் வைத்தோம், லாரி போகும்போது டயல் முள் நடுங்குவது கண்ணுக்கே தெரிந்தது. அப்புறம் தரையிலிருந்து தனியாகக் கான்கிரீட் மேடை கட்டி, அடியில் தடித்த ரப்பர் போட்டோம். இப்போதும் பவர் ஹேமர் ஓடும்போது யாரும் டெஸ்ட் எடுப்பதில்லை.

மேடை இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து கிரைண்டர் மோட்டார்கள் நனைந்தன. மெஷின் மேலே இருந்ததால் தப்பியது. அன்றாடத் தொல்லை உப்புக் காற்றுதான். ஸ்க்ரூவிலும் ஆன்வில் உட்காரும் குழியிலும் வாரம் ஒருமுறை மெல்லிய எண்ணெய் தடவித் துடைக்காவிட்டால் செம்புள்ளி விழும், ரீடிங் இறங்கும்.

சரி, வாங்கி என்ன கிடைத்தது? ஒரு சமயம் இ.என். 31 கத்திகள் தொடர்ந்து இரண்டு பாயின்ட் குறைவாக வந்தன. கடைக்காரர் வேறு ஸ்டீலைக் கொடுத்துவிட்டார் என்று பட்டறையில் எல்லோருக்கும் சந்தேகம். பிளாக்கில் குத்தினோம், மெஷின் சரி. பழைய கம்பியிலிருந்து மீந்த துண்டைப் போட்டோம், அதுவும் குறைவு. அப்படியானால் குறை ஸ்டீலில் இல்லை. ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் முறிவு சீனிக் கட்டியை உடைத்ததுபோல் மினுங்கியது. உலையின் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் பழசாகி, உள்ளதைவிடக் குறைந்த வெப்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் அதை நம்பி உலையைக் கூடுதலாகச் சூடாக்கியிருக்கிறது. இந்த வகை ஸ்டீலை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் கார்பன் அதிகமாகக் கரைந்து, எண்ணெயில் போட்ட பிறகும் ஆஸ்டனைட் (சூட்டில் உருவாகும் மென்மையான உள்ளமைப்பு) ஒரு பங்கு மாறாமல் தங்கிவிடும். அதனால்தான் கடினம் குறைகிறது, ஸ்டீலுக்குள் இருக்கும் மணியும் (படிகத் துகளும்) பெருத்துவிடுகிறது. இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து வெப்பத்தைக் கூட்டியிருந்தால் கதை இன்னும் மோசமாகியிருக்கும். தெர்மோகப்பிளை மாற்றியதும் எண் பழைய இடத்துக்கு வந்தது. மெஷினின் பாதிக் காசு அன்றைக்கே திரும்பிவிட்டது என்று சொல்வேன்.

இதில் உடைத்துப் பார்த்ததும் முக்கியம். ராக்வெல் மணியின் அளவைச் சொல்லாது, கத்தி முறியுமா முறியாதா என்றும் சொல்லாது. நல்ல 60-ம் உண்டு, கெட்ட 60-ம் உண்டு. ஆன்லைனில் '62 எச்.ஆர்.சி.' (ராக்வெல் சி ஸ்கேல் எண்) என்று பெருமையாகப் போடுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம்.

லாரிப் பட்டை விஷயத்திலும் உதவி. எந்த லாரி, எந்தக் காலத்துப் பட்டை என்று தெரியாது, எல்லாம் ஒரே ஸ்டீலும் கிடையாது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு துண்டு வெட்டி, தோய்ச்சல் போட்டுக் குத்திப் பார்த்து, பட்டையின் மேலேயே மார்க்கரில் எழுதிவைக்கிறோம்.

காசிமேட்டில் மீன் வெட்டும் ஒரு அக்காவுக்கு முதலில் 60-இல் கத்தி கொடுத்தோம். "தம்பி, எலும்புல பட்டா சில்லு பேத்துக்குது, கல்லுல தேச்சா ஏறவும் மாட்டேங்குது" என்றார். 56-க்கு இறக்கிக் கொடுத்தோம், இன்றுவரை அதுதான் ஓடுகிறது. இப்போது அங்கே யார் கேட்டாலும் 55-லிருந்து 57-க்குள் நிறுத்துகிறோம். ஹோட்டல் சமையல்காரர்களுக்குக் காய்கறிக் கத்தி 59, 60. இப்படி ஆளுக்கு ஏற்றபடி நிறுத்த முடிவது மெஷின் வந்த பிறகுதான்.

குத்தும்போது சில பழக்கங்கள் தேவை. உலையில் கிடந்த கத்தியின் மேல்தோலில் கார்பன் எரிந்துபோயிருக்கும், அதை உரசி எடுக்காமல் குத்தினால் பொய்யாகக் குறைவாகக் காட்டும். சரிவு எடுத்த பக்கத்தில் குத்தக் கூடாது, வைரம் நேர் செங்குத்தாக இறங்க வேண்டும். அதனால் கைப்பிடிக்குள் மறையும் தட்டையான வால் பகுதியில், சரிவு எடுக்கும் முன்பே குத்துகிறோம். எண்ணெயில் வாலும் முழுசாக முங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் வாலின் எண் விளிம்புக்குப் பொருந்தாது.

மெல்லிய மீன் ஃபில்லே கத்திகளுக்கு இந்த மெஷின் சரிவராது. தகடு குழியின் ஆழத்தைப் போல் பத்து மடங்காவது தடிமன் இருக்க வேண்டும், வளையவும் கூடாது. அவற்றுக்கு இன்னும் துண்டு வெட்டி லேபில் விக்கர்ஸ் (மெல்லிய தகட்டுக்கும் பொருந்தும் இன்னொரு கடினச் சோதனை) எடுக்கத்தான் அனுப்புகிறோம், மெஷினின் வருடாந்திரக் காலிபரேஷனுக்கு லேப்காரர்களே பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.