640 வெள்ளி போச்சு: "ஜப்பான் பாசி" என்று பை பையாக வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பாசி கோக்கிற எல்லாரும், அதிலும் நாலைந்து பேர் பணம் போட்டு மொத்தமாக வாங்குகிறவர்கள், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். எங்களுக்குப் போனது 640 சிங்கப்பூர் வெள்ளி. எட்டுப் பேர், தலைக்கு 80 வெள்ளி. பொட்டலம் கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. நேற்று இரவு அந்த விற்பனையாளரிடமிருந்து வந்த பதிலைப் பார்த்த பிறகு தூக்கமே வரவில்லை. எப்படிச் சோதித்து வாங்குவது என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

விற்றது கடை இல்லை. பழையது புதியது எல்லாம் விற்கிற ஒரு கைப்பேசிச் செயலியில், வீட்டிலிருந்தே கைவினைப் பொருள் விற்கும் ஒரு தனியாள். பெயரை இங்கே போடவில்லை. முறையாகப் புகார் கொடுக்கப் போகிறோம், அதற்கு முன்னால் பெயரைச் சொல்லிச் சிக்கலை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்டது இதுதான். மியூக்கி டெலிக்கா என்ற ஜப்பான் கண்ணாடிப் பாசி, 11/0 அளவு, 14 நிறம், நிறத்துக்கு 100 கிராம். பை 40 வெள்ளி, ஆக 560. அதோடு 925 சில்வர் காதுக்கொக்கி 40 ஜோடி, ஜோடி 2 வெள்ளி, ஆக 80. மொத்தம் 640 வெள்ளி. சமூக மன்றத்தில் தீபாவளிக்கு முன்னால் எட்டுப் பேரும் ஒரே வரைபடத்தை வைத்துக் கைப்பட்டை கோப்பதாக ஏற்பாடு. ஆளுக்கு ஒரு கடையில் வாங்கினால் ஒரே நிற எண்ணில்கூட லாட்டுக்கு லாட், அதாவது ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும், சாயல் மாறும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். அதனால்தான் ஒரே ஆளிடம் மொத்தமாக வாங்கினோம்.

நம்பிய இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வித்தையை இன்னொருவரிடமும் செய்வார்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்து வாசலில் சந்தித்தோம். கையில் மியூக்கி சீட்டு ஒட்டிய சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் 7.2 கிராம். ஒரு குழாயைத் திறந்து வெல்வெட் துணியில் கொட்டி, "அக்கா, நீங்களே கோத்துப் பாருங்க" என்று ஊசியையும் அவரே நீட்டினார். 12ஆம் எண் ஊசியில் இருபது பாசி ஏற்றினேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே குச்சியை வெட்டி வைத்ததுபோல நின்றது. அசல் டெலிக்கா அப்படித்தான் நிற்கும். பாசி கோக்கும் முறைகளான பியோட் தையலுக்கு எந்தப் பாசி ஆகும், பிரிக் தையலுக்கு எது ஆகும் என்று பேசினார். பேச்சில் ஒரு தப்பு இல்லை. தொழில் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று மனசு சொல்லிவிட்டது. "மொத்தப் பை வீட்ல இருக்கு, இன்னைக்கே கூரியர்ல போட்டுடறேன். செயலி வழியா கட்டினா கமிஷன் எடுப்பாங்க, பேநவ்ல போட்டுடுங்கக்கா" என்றார். பேநவ் என்பது கைப்பேசியிலிருந்தே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் வசதி. அங்கேயே நின்று அதில் 640 வெள்ளியையும் அனுப்பினேன். அந்தக் குழாய்கள் அசல்தான், இப்போதும் சொல்கிறேன். எங்களுக்கு வந்த பைகளில் இருந்தது வேறு.

வந்தவை சீட்டே இல்லாத ஜிப் பைகள். பிரித்து விற்பவர்கள் தங்கள் சொந்தப் பையில் போட்டுத் தருவது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் நிற எண்ணையாவது எழுதுவார்கள். இதில் "பிங்க்", "கோல்டு" என்று மார்க்கர் கிறுக்கல் மட்டும். தராசில் வைத்தால் பையோடு சேர்த்தே 92, 94 கிராம்.

அடுத்து எண்ணிப் பார்த்தோம். டெலிக்கா 11/0 ஒன்று சுமார் 1.6 மில்லிமீட்டர் விட்டம், 1.3 மில்லிமீட்டர் நீளம். சுவர் மெல்லியது, துளை பெரியது. அதனால் எடை குறைவு, ஒரு கிராமுக்குச் சுமார் 200 பாசி வரும். வந்ததில் மூன்று பையிலிருந்து ஒவ்வொரு கிராம் எடுத்து எண்ணினோம். 128, 131, 126. கண்ணாடி தடிமன், துளை சின்னது. இதன் விளைவு என்ன தெரியுமா? 20 பாசி அகலத்தில் 16 சென்டிமீட்டர் கைப்பட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 2,000 பாசி வேண்டும். அசலில் அது 10 கிராம். இதில் 15 கிராமுக்கு மேல். எடையிலும் குறைத்து, எண்ணிக்கையிலும் குறைத்திருக்கிறார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம், கோக்கவாவது முடிந்திருந்தால். அசலில் இருபது பாசியை ஊசியில் ஏற்றி அளந்தால் 26 மில்லிமீட்டர் ஒட்டி வரும். இதில் பத்துத் தடவை ஏற்றி அளந்தோம். மிகக் குறைந்தது 23, மிக அதிகம் 29. பியோட் தையலில் ஒவ்வொரு பாசியும் கீழ்வரிசையின் இரண்டு பாசிக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். நீளம் மாறினால் ஓரம் அலை அலையாகும். விட்டம் மாறினால் பட்டை ஒரு பக்கமாகச் சுருளும். நூலை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், இறுக்க இறுக்கச் சுருள்தான் கூடும். பொறுக்கி எடுத்துக் கோக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் ஒரு பையில் 10 கிராம் பொறுக்கினோம். தேறியது நாலு கிராம் சொச்சம், போன நேரம் ஒன்றரை மணி.

துளைக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கோபம் இதில்தான். பியோட்டில் ஒவ்வொரு பாசிக்குள்ளும் நூல் குறைந்தது இரண்டு தடவை போகும். நூல் முனையை உள்ளே செலுத்தி முடிக்கிற இடத்தில் மூன்று, நான்கு தடவை. ஃபயர்லைன் நூல் (6 பவுண்டு இழுவை தாங்குவது), 12ஆம் எண் ஊசி, இதுதான் நாங்கள் எல்லாரும் வழக்கமாக வைத்துக்கொள்வது. முதல் தடவை ஊசி போகிறது. இரண்டாம் தடவை பாதியில் நிற்கிறது. குறடு வைத்து இழுத்தால் பாசி "டிக்" என்று உடைகிறது. உடைந்த விளிம்பு கத்தி மாதிரி. அது பக்கத்து நூலை அறுத்தால் நாற்பது வரிசையும் சேர்ந்து கழன்றுவிடும். ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது, இரண்டு மாலைப்பொழுது உட்கார்ந்து கோத்தது. இன்னும் சில பாசியில் துளைக்குள் கண்ணாடித் துகள் அடைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிவதே இல்லை.

சாயம். ரோஜா, ஊதா வகையில் சில நிறங்களைக் கண்ணாடியிலேயே கொண்டுவருவது கடினம், அதனால் நல்ல தயாரிப்பாளர்களும் சிலவற்றுக்குச் சாயம் ஏற்றுவார்கள். சாயம் ஏற்றியது என்று சொல்லித்தான் விற்பார்கள். இங்கே அப்படி எதுவும் சொல்லவில்லை. வெள்ளைத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, நிறத்துக்குப் பத்துப் பாசி. ராத்திரி போட்டு வைத்தோம். காலையில் நாலு தட்டில் தண்ணீர் நிறம் மாறியிருந்தது, ஊதாப் பாசி கிடந்த தட்டில் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு "கோல்டு" பாசியைத் துடைத்தால் அடியில் சாம்பல் நிறம். சிங்கப்பூர் வேர்வையில் இது எத்தனை நாள் தாங்கும்? பட்டுப்புடவைக் கையில் ஊதாக் கறை ஏறினால் யார் பதில் சொல்வது? எங்கள் கூட்டத்தில் சிலர் இப்படிக் கோத்ததை உறவுக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுப்பவர்கள். நல்லவேளை, கொடுப்பதற்கு முன் தெரிந்தது.

காதுக்கொக்கியில் "925" என்று அச்சு இருக்கிறது. அச்சு யார் வேண்டுமானாலும் குத்தலாம். நூற்றுக்கு 92.5 பங்கு சில்வர் என்பது அதன் அர்த்தம். கொக்கியின் மறைவான முனையை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தோம், மஞ்சளாகப் பித்தளை எட்டிப் பார்த்தது. காந்தம் வைத்துப் பார்த்தால் போதுமே என்பவர்களுக்கு: சில்வரும் காந்தத்தில் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. காந்தச் சோதனை இரும்பு, நிக்கல் மாதிரி காந்தத்தில் ஒட்டுவதை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டு நாள் போட்டுப் பார்த்த ஒருவருக்குக் காதுமடல் சிவந்து அரிப்பு, துளையைச் சுற்றிப் பச்சை. பித்தளையில் இருக்கும் தாமிரம் வேர்வையோடு சேர்ந்தால் பச்சை ஏறும். பூச்சுக்கு அடியில் நிக்கல் இருந்தால் அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காது புண்ணாகிவிடும்.

இனி அவர் சொன்ன பதில்கள். முதல் நாள் படங்களோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "லாட் மாறினா அப்படி இருக்கும்கா, நார்மல்." இருபது பாசி அளந்த படத்தை அனுப்பினேன். "உங்க ஊசி தடிமனா இருக்கும்." ஊசியை அவரே எம்ஆர்டி வாசலில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், அதே எண் ஊசி. சாயத் தண்ணீர் படத்துக்கு, "சோப்புல ஊற வெச்சா எந்தப் பாசியும் போகும்." போகாது. எங்களிடம் ஏற்கெனவே இருந்த அசல் டெலிக்காவையும் பக்கத்திலேயே ஊற வைத்தோம், தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. அந்தப் படமும் அனுப்பினேன். "சப்ளையர்ட்ட கேக்கறேன்." நான்கு நாள் மௌனம். பிறகு, "பிரிச்சு யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது." பிரிக்காமல் எப்படி அம்மா சோதிப்பது? நேற்று இரவு, "சின்ன விஷயத்துக்கு இவ்ளோ பேசறீங்களேக்கா." 640 வெள்ளி சின்ன விஷயமாம். எட்டு வீட்டுப் பணம். இன்று காலையிலிருந்து என் செய்தி ஒன்றுக்கும் நீலக் குறி விழவில்லை.

செயலிக்காரர்களிடம் புகார் போட்டேன். செயலிக்கு வெளியே பணம் கொடுத்ததால் அவர்களுடைய பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது என்று தானாக வரும் மின்னஞ்சல். அதற்கு மறுமொழி போட்டால் அதே மின்னஞ்சல் மறுபடி. வங்கியில் சொன்னது, "நீங்களே உறுதிசெய்து அனுப்பியது, பெற்றவர் சம்மதிக்காமல் நாங்கள் திருப்ப முடியாது." பேநவ் நொடியில் போய்ச் சேர்ந்துவிடும், அதன் வசதியே நமக்கு வினையாகிவிட்டது. கமிஷனை மிச்சப்படுத்துவதாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் எங்கள் கையில் இருந்த ஒரே பிடியும் போனது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறோம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் கிடையாது, நாமே பேசலாம். இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் தேவை. எங்களிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும் பேநவ் திரையில் வந்த பெயரும். கூரியர் பொட்டலத்தில் அனுப்புநர் முகவரி இருந்த சீட்டை ஒருவர் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார். பொட்டலச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், முதல் எச்சரிக்கையே அதுதான்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சொல்கிறேன். மாதிரியைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், நீங்கள் எடுத்துப் போகப்போகிற பையையே அங்கேயே திறந்து அதிலிருந்து இருபது பாசி எடுத்து ஊசியில் ஏற்றி அளவுகோல் வைத்துப் பாருங்கள். நிற எண் இல்லாத பையைத் தொடாதீர்கள். ஒரு கிராம் தராசு பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும், கூட்டாக வாங்குகிறவர்களில் ஒருவராவது கையில் கொண்டு போங்கள். முதலில் ஒரே ஒரு பை வாங்கி ஊற வைத்துப் பாருங்கள், மீதி அப்புறம். செயலியில் பார்த்ததைச் செயலியிலேயே கட்டுங்கள், வெளியே கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொட்டலம் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேளுங்கள்.

தேக்காவிலோ அரபு ஸ்திரீட் பக்கமோ கடையில் நேரே வாங்குவது கொஞ்சம் கூடுதல் விலைதான். எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் அதைத்தான் சொன்னார்கள், 40 வெள்ளி என்றதும் மற்றவர்கள் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. கடந்த இரண்டு மாதத்தில் யாராவது மார்க்கரால் நிறம் எழுதிய ஜிப் பையில், 100 கிராம் 40 வெள்ளி என்று, எம்ஆர்டி வாசலில் மாதிரி பார்த்து வாங்கியிருக்கிறீர்களா? இருபது பாசியை அளந்து அளவுகோலோடு ஒரு படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பொட்டலச் சீட்டு பத்திரமாக இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், முகவரி வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் மனுவைப் பதிந்துவிடப் பார்க்கிறோம்.