உடைந்த நோப்ளர்: ஒட்டுவதா, புதிதாகக் கட்டுவதா, வாங்குவதா?

இரண்டு வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய நோப்ளர் மாடல் விமானம் கடைசியில் ஒரு அரிசிச் சாக்குக்குள் போய்விட்டது. வலது இறக்கை மட்டும் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் பறக்க விடுவது கண்ட்ரோல் லைன் விமானம். அது தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ரிமோட் கிடையாது. விமானி வட்டத்தின் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்திருப்பார். அதிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் இடது இறக்கை வழியாக உள்ளே போய், கம்பியின் இழுப்பை வாலுக்குக் கடத்தும் பெல் கிராங்க் என்ற நெம்புகோலில் முடியும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். சர்வதேச விதிப்படி எஃப்2பி எனப்படும் சாகசப் பிரிவில் கம்பி நீளம் 15 மீட்டருக்குக் குறையக் கூடாது, 21.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. 7 நிமிடத்துக்குள் எல்லா வித்தைகளையும் முடித்துத் தரையிறங்க வேண்டும். நான் இதைக் கல்லூரியில் என்சிசி விமானப் பிரிவில் இருந்தபோது கற்றுக்கொண்டேன். நோப்ளர் 1950-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆல்ட்ரிச் வடிவமைத்த அமெரிக்க மாடல். வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற மடல் மேலே போகும்போது, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற மடல் கீழே இறங்கும். அதனால் வட்டங்கள் அவ்வளவு அழகாக விழும்.

போட்டி தஞ்சைப் பக்கம் ஒரு கல்லூரித் திடலில் நடந்தது. ஆனிக் காற்று. என் விமானத்தின் எடை 1,180 கிராம், ஒரு சுற்றுக்கு 5.3 வினாடி. அந்த வேகத்தில் கம்பி கையை மூன்று கிலோ சொச்சம் இழுக்கும். தலைக்கு நேர் மேலே வரும்போது விமானத்தின் சொந்த எடை அதில் கழிந்துபோய் இரண்டு கிலோதான் மிஞ்சும். மணல் கடிகார வடிவில் போடும் ஹவர்கிளாஸ் வித்தையில் அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு வீச்சு காற்று வந்து அதை என் பக்கம் தள்ளியது. கம்பி தொய்ந்தது. கையில் கனமே இல்லை. ஐந்தாறு எட்டு பின்னால் ஓடினேன், கம்பி இறுகவில்லை. டெல்டா வண்டல் கோடையில் காய்ந்தால் கல் மாதிரிதான். மூக்கு அதில் போய் இறங்கியது.

என் மனைவியின் தம்பிதான் எனக்கு உதவியாள். விமானத்தைப் பிடித்து விடுவது அவன்தான். சாக்கைத் தூக்கிக்கொண்டே, "விடுங்க மாமா, ஒட்டிரலாம்" என்றான். மூன்று மாதம் அந்த ஒரு வார்த்தையைச் சுற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒட்டுவதைப் பற்றி. உடைந்தது எங்கே என்பதுதான் கேள்வி. இறக்கை நுனி நசுங்கினால், மேலுறை கிழிந்தால், இறக்கைக்கு விலா எலும்பு மாதிரி இருக்கும் ரிப் ஒன்றிரண்டு போனால், கண்ணை மூடிக்கொண்டு ஒட்டலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. என்னுடையதில் மூக்கு இறக்கையின் முன் விளிம்பு வரைக்கும் பிய்ந்திருந்தது. இடது இறக்கையின் ஸ்பார், அதாவது நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை, உடம்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. வால் ஒரு பக்கம் திருகியிருந்தது.

எஞ்சின் இருந்த இடத்து மரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தால் பழுப்பாக எண்ணெய் கசிந்தது. க்ளோ எனப்படும் இந்தச் சின்ன எஞ்சினின் எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். விமானம் கட்டிய பால்சா என்ற இலேசான மரத்துக்குள் அது ஊறிவிட்டால் எபாக்ஸி பசை பிடிக்காது, பிடித்த மாதிரி தெரிந்து பிறகு பெயர்ந்து வரும். ஸ்பிரிட்டில் முகப்பவுடரைக் குழைத்துத் தடவி, காய்ந்ததும் தட்டி, திரும்பத் தடவி, ஏழெட்டு முறை செய்தேன். பவுடர் மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் எடை. ஒட்டும் இடத்துக்கெல்லாம் உள்ளே ஒரு பட்டை வைத்துப் பலப்படுத்த வேண்டும். வால் பக்கம் 10 கிராம் கூடினால், வால் நீளம் என்பதால் மூக்கில் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஈயம் வைத்தால்தான் சமநிலை வரும். பாகங்களையும் பசையையும் தராசில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன்: 1,320 கிராம். சதுர வட்டம் போடும்போது மூலையில் அந்த 140 கிராம் வேகத்தைத் தின்றுவிடும். வேகம் குறைந்தால் கம்பியின் இறுக்கமும் குறையும். எதனால் விழுந்ததோ அதே ஆபத்தை நானே பசை போட்டு உள்ளே ஏற்றியது போல ஆகிவிடும். போட்டிக்கு என்றால் ஒட்டக் கூடாது என்று அந்தத் தராசுதான் எனக்குச் சொன்னது.

நடுவில் ஒரு ஆசை. தஞ்சாவூர் நெட்டி வேலை தெரியும்தானே, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. பெரிய கோயிலையே வெள்ளை வெளேரென்று செதுக்கிவிடுவார்கள். பால்சாவைவிடக் கனமில்லாமல் இருக்கிறதே, நசுங்கிய இடங்களை அதை வைத்து நிரப்பலாமா என்று ஒரு பெரியவரிடம் துண்டைக் காட்டிக் கேட்டேன். கையில் வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நெட்டி கண்ணுக்குத்தான். இழுவை தாங்காது" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு கீற்றை வளைத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி.

அடுத்தது, தயார் விமானம் வாங்குவது. இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். பெட்டியைத் திறந்து, இறக்கையைப் பொருத்தி, எஞ்சின் மாட்டினால் ஒரு வாரத்தில் பறக்கலாம். நேரம் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இறக்கைப் பெட்டி நீளம் என்பதால் கூரியர் செலவும் சுங்கமும் சேர்ந்து விமானத்தின் விலையை எட்டிப் பிடிக்கும். வரத்தும் சுருங்கிவிட்டது. டாப் ஃப்ளைட் பெயரில் நோப்ளர் விற்ற ஹாபிகோ நிறுவனம் 2018-ல் திவால் மனு கொடுத்தது. எனக்கு இருக்கிற தயக்கம் வேறு. பெல் கிராங்க்கை எப்படிப் பதித்திருக்கிறார்கள் என்பதை மூடிய இறக்கைக்குள் என்னால் பார்க்க முடியாது. பறப்பதற்கு முன் எடையைப் போல் 10 மடங்கு இழுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டு கிலோவும் ஒரு சின்ன ஒட்டுப்பலகையில்தான் போய்த் தொங்கும். அந்தப் பலகையை நானே ஒட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

ஆக, வரைபடத்திலிருந்து புதிதாகக் கட்டுவது. நான் எடுத்த முடிவு இதுதான். இதில் வேலை அதிகம், நான்கைந்து மாதம் போய்விடும். ஆனால் எடையை முதல் நாளிலிருந்தே கையில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மில்லிமீட்டர் பால்சாத் தகடு, 10 சென்டிமீட்டர் அகலம், 91 சென்டிமீட்டர் நீளம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். சமையலறைத் தராசில் ஒன்று 14 கிராம் காட்டும், பக்கத்தில் இருப்பது 22 காட்டும். இலேசானதை இறக்கைக்கு, கனத்ததை மூக்குக்கு என்று பிரித்தால் எட்டுத் தகட்டிலேயே அறுபது கிராம் மிச்சம். முதல் விமானத்தில் இந்தப் பொறுமை எனக்கு இல்லை. கிடைத்ததை வெட்டினேன்.

ஊருக்கு ஏற்ற நாள் பார்ப்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேலுறைக்கு டோப் என்ற பூச்சை அடித்தால் ஈரக்காற்றில் வெளுத்துப்போய்ப் பால் தெளித்த மாதிரி நிற்கும். அந்த மாதங்களில் ரிப் வெட்டுவது, ஸ்பார் ஒட்டுவது. பூச்சு வேலை மாசி, பங்குனியில். பறக்க இடம் கிடைப்பதும் அப்போதுதான், அதுவும் வயலில் இல்லை. சம்பா அறுவடைக்கு முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவதால் தாளடியில் கால் வைக்க முடியாது. பள்ளித் திடல்தான் கதி. பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பி பக்கத்தில் இல்லாத திடலாக இருக்க வேண்டும். நம் கையில் இருப்பது எஃகுக் கம்பி. அமெரிக்கச் சங்க விதியில் 50 அடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். நான் அதற்கும் இரண்டு மடங்கு தள்ளித்தான் நிற்பேன்.

எஞ்சினா மோட்டாரா என்பது தனிப் போராட்டம். என் எஞ்சினுக்குள் மண் போயிருந்தது. விழுந்த எஞ்சினின் விசிறியைச் சுற்றிப் பார்க்கக் கூடாது. மண்துகள் பிஸ்டனைக் கீறிவிடும். அப்படியே கழற்றி, பிரித்து, பெட்ரோலில் கழுவினேன். பிழைத்துக்கொண்டது. அதன் குரல் எனக்கு உயிர். நேராகப் பறக்கும்போது கரகரவென்று நிதானமாக ஓடும். மூக்கைத் தூக்கினால் தானாகச் சுருதி ஏறி முழு வலுவோடு இழுக்கும், வளைவு முடிந்ததும் பழையபடி இறங்கும். யாரும் தொட வேண்டாம்.

ஆனால் அது குடிப்பது மெத்தனால். மரக்காணத்தில் 2023-லும் கள்ளக்குறிச்சியில் 2024-லும் மெத்தனால் கலந்த சாராயம் அத்தனை உயிரைக் குடித்த பிறகு, அதைக் கேனில் வைத்துக்கொண்டு போவதற்கே எனக்கு மனம் வரவில்லை. கட்டுப்பாடு இறுகியதும் நியாயம்தான். மின்மோட்டாரில் டைமர் சொன்ன சுற்று மாறாது. எரிபொருள் தீரத் தீர மூக்கு இலேசாவது கிடையாது. மரத்தில் எண்ணெய் ஊறாது, அதனால் நாளைக்கு உடைந்தாலும் பசை பிடிக்கும். பேட்டரி கால் கிலோ கனம். வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இந்த இரண்டையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். புதியது மின்மோட்டாரில்தான். அந்தக் குரல் போவது வருத்தம்தான், அதை மறைக்கவில்லை.

நண்பர்கள் கேட்டால் நான் இப்படித்தான் பிரித்துச் சொல்வேன். பழகும் விமானம் உடைந்தால் ஒட்டுங்கள், எத்தனை முறையானாலும். அடுத்த போட்டிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, கையில் பணமும் இருக்கிறது என்றால் வாங்குங்கள், ஆனால் இறக்கையின் நடுவில் ஒரு சன்னல் வெட்டி உள்ளே பார்த்துவிடுங்கள். ஸ்பார் வேரில் முறிந்த போட்டி விமானம் என்றால் புதிதாகக் கட்டுங்கள்.

என்னுடையதின் பெல் கிராங்க் வளையவில்லை. பழைய இறக்கையிலிருந்து அறுத்து எடுத்து, துவாரம் தேய்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதுதான் புதிய இறக்கைக்குள் போகிறது. 0.38 மில்லிமீட்டர் கம்பிகள் மட்டும் புதுசு, விழுந்த கம்பியில் கண்ணுக்குத் தெரியாத முறுக்கு இருக்கும். கீறல் படாத அந்த வலது இறக்கையிலிருந்துதான் ரிப்புக்கு அச்சு எடுத்தேன். இதுவரை ஒன்பது வெட்டியாயிற்று. மைத்துனன் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதிவைக்கிறான்.