பாய்மரப் படகோட்டப் பள்ளி: பயிற்சி முடிந்து சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

பாய்மரப் படகு ஓட்ட ஒரு வாரப் பயிற்சி போதுமா என்று யாராவது கேட்டால், படகை ஓட்டப் போதும், காற்றைப் படிக்கப் போதாது என்றுதான் சொல்வேன். ஒரு வாரத்தில் படகைத் திருப்பவும் நிறுத்தவும் கவிழ்ந்தால் நிமிர்த்தவும் பழகிவிடலாம். தண்ணீரின் மேல் காற்று எங்கே வலுக்கிறது, எங்கே ஓய்கிறது, எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதெல்லாம் அதன் பிறகு தனியாக ஓட்டும் நாட்களில்தான் பிடிபடும். அதனால் ஒரு பள்ளியை அந்த ஒரு வாரத்தை மட்டும் வைத்து எடைபோட முடியாது. படிப்பு முடிந்தவர்களுக்கு அங்கே என்ன இடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அதே பள்ளியின் படகுகளைத்தான் எடுத்து ஓட்டுகிறேன்.

முதலில் எந்தப் படகில் கற்பது என்ற கேள்வி. படகை நிமிர்ந்து நிற்க வைக்கும் கனமான கீலை அடியில் வைத்த பெரிய படகில் தொடங்கும் பள்ளிகளும் உண்டு, டிங்கி எனப்படும் சிறிய படகில் தொடங்கும் பள்ளிகளும் உண்டு. கீல் படகு எளிதில் கவிழாது, உடை நனையாது, நாலைந்து பேர் வசதியாக உட்காரலாம். ஆனாலும் டிங்கியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிங்கியில் கீலின் வேலையைச் செய்வது நம் உடம்புதான். ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாலும் படகு உடனே பதில் சொல்லும். பெரிய படகில் பாயைச் சரியாக வைக்காவிட்டாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். தவறு இருப்பதே தெரியாது.

எங்கள் பள்ளியில் முதல் இரண்டு நாள் வேஃபேரர். இயன் புராக்டர் 1957இல் வடிவமைத்த இந்தப் படகு 4.82 மீட்டர் நீளம். பயிற்றுநரும் இரண்டு மூன்று மாணவர்களும் தாராளமாக உட்காரலாம், சட்டென்று ஆட்டம் காட்டாது. அப்புறம் ஒருவர் மட்டும் ஓட்டும் லேசர். புரூஸ் கிர்பி வடிவமைத்து 1971இல் விற்பனைக்கு வந்த படகு இது. இதுவரை 2 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. 1996இலிருந்து ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. இப்போது போட்டிகளில் ஐ.எல்.சி.ஏ. என்ற பெயரில் ஓடுகிறது. இதில் எனக்குப் பிடித்தது, ஒரே படகுக்கு மூன்று அளவுப் பாய்கள் இருப்பது: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். உடல் எடை குறைந்தவர்களும், காற்று கூடும் நாளில் ஓட்டுபவர்களும் சிறிய பாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்காமலே ஆளைப் பார்த்துப் பாயை மாற்றிக் கொடுக்கும் பயிற்றுநர் கிடைத்தால் அந்தப் பள்ளியை விடாதீர்கள்.

முதல் நாள் பாதி நேரம் கரையில் போனது. சக்கர வண்டியில் நிற்கும் படகில் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை வைத்து எல்லாத் திசைகளையும் பேசிப் பழகினோம். காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகை வரை பெரும்பாலான பாய்மரப் படகுகளால் நேராகப் போக முடியாது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை டில்லர் என்பார்கள்; அதை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் படகு திரும்பும். கேட்கும்போது குழப்பமாக இருக்கும், தண்ணீரில் ஒரு மணி நேரத்தில் கைக்குப் பழகிவிடும். இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பயிற்சியின் உண்மையான சாரம் ஐந்து விஷயங்களில் இருந்தது. பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்.ஒய்.ஏ.வின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகள் எல்லாவற்றிலும் இந்த ஐந்தையும் கேட்கலாம். பாய் சரியான அளவுக்கு இழுக்கப்பட்டிருக்கிறதா, படகு பக்கவாட்டில் சாயாமல் இருக்கிறதா, முன்னும் பின்னும் பாரம் சரியாக இருக்கிறதா, நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகையான சென்டர்போர்டு வேண்டிய அளவு இறங்கியிருக்கிறதா, போக வேண்டிய இடத்துக்கு எடுத்த வழி சரியா. திசையை மாற்றும்போதெல்லாம் இந்த ஐந்தையும் மறுபடி பார்க்க வேண்டும். காற்றை நோக்கி ஏறும்போது பாய் இறுக்கமாக, சென்டர்போர்டு முழுவதும் கீழே. காற்று பக்கவாட்டில் வரும்போது இரண்டும் ஏறக்குறைய பாதி. காற்று பின்னாலிருந்து வரும்போது பாயை நன்றாக வெளியே விட்டு, சென்டர்போர்டை ஏறக்குறைய முழுவதும் மேலே தூக்க வேண்டும். இன்றும் படகு மந்தமாகப் போவதாகத் தோன்றினால் இந்த வரிசையில்தான் சோதிக்கிறேன். பெரும்பாலும் இரண்டாவதிலேயே விடை கிடைத்துவிடும்: படகு சாய்ந்திருக்கும். டிங்கி சாய்ந்து பறப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தட்டையாக ஓடும் டிங்கிதான் வேகமாகப் போகும்.

பாயை எவ்வளவு இழுப்பது என்பதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு துண்டு நூல். முன்பாயான ஜிப்பில், முன் ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் கம்பளி நூல் துண்டுகள் ஒட்டியிருப்பார்கள், டெல்டேல் என்பார்கள். பாய் சரியாக இருந்தால் இரண்டு நூலும் பின்னோக்கி நேராக நீண்டு ஓடும். காற்று வரும் பக்கத்து நூல் மட்டும் மேலே எகிறித் துடித்தால், ஒன்று பாயை உள்ளே இழுக்க வேண்டும், இல்லையென்றால் காற்றிலிருந்து படகைக் கொஞ்சம் விலக்க வேண்டும். மறுபக்கத்து நூல் துவண்டு சுழன்றால் பாயைத் தளர்த்த வேண்டும், அல்லது காற்றை நோக்கிக் கொஞ்சம் ஏற வேண்டும். பாயின் மறுபக்கத்து நூல் மெல்லிய துணி வழியாக நிழலாகத் தெரியும். அந்த நிழலைப் பார்த்தபடி டில்லரை விரல் அகலம் நகர்த்தி, இரண்டு நூலையும் ஒன்றாக ஓடவிட்ட நேரத்தில்தான் பாய் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு உள்ளே இறங்கியது. கரும்பலகையில் வரைந்த அம்புக்குறிகளால் அது நடக்கவில்லை.

டாக்கிங், அதாவது காற்றை நோக்கித் திரும்பிப் பாயை மறுபக்கம் மாற்றுவது, சீக்கிரம் வந்துவிடும். பாதியில் வேகம் செத்துப் படகு காற்றுக்கு நேராக நின்றுவிட்டால், பூமையும் (பாயின் அடி ஓரத்தைப் பிடித்திருக்கும் கட்டை) டில்லரையும் நம்மிடமிருந்து தள்ளுங்கள். படகு பின்னால் ஊர்ந்து ஒரு பக்கமாகத் திரும்பும். அப்புறம் இரண்டையும் நம் பக்கம் இழுத்தால் கிளம்பிவிடும். பின்காற்றில் திரும்பும் ஜைபிங்குக்குத்தான் மரியாதை கொடுக்க வேண்டும். அதில் பூம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஒரே வீச்சில் பாயும். வழியில் தலை இருந்தால் பலத்த அடிதான். பின்காற்றில் போகும்போது முன்பாய் தானாக மறுபக்கம் புரண்டால், இன்னும் கொஞ்சம் திரும்பினால் பூமும் வந்துவிடும் என்று அர்த்தம். காற்று வலுத்த நாளில் ஜைபிங்கைத் தவிர்த்து, முக்கால் வட்டம் சுற்றி டாக் செய்து திரும்புவதில் எந்தக் குறைவும் இல்லை. பயிற்றுநர்களே அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

கவிழ்தல் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சேரத் தயங்குபவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். நல்ல பள்ளியில் வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்வார்கள், காற்று குறைந்த நாளில், மீட்புப் படகு பக்கத்தில் நிற்க. கவிழ்ந்ததும் முதல் வேலை படகில் இருந்தவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்ப்பது. பாய்க்கு அடியில் யாராவது மாட்டியிருந்தால், கையால் பாயை மேலே தள்ளினால் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் உருவாகும். பாயின் ஒரு தையலைப் பிடித்துக்கொண்டே ஒரே திசையில் நகர்ந்தால் ஓரம் வந்துவிடும். அடுத்தது, பாயை இழுக்கும் மெயின்ஷீட் கயிற்றை விடுவிப்பது. அது இறுகியிருந்தால் படகு நிமிர்ந்த நொடியிலேயே மறுபடி காற்றைப் பிடித்துக் கவிழும். படகின் முகப்பு காற்றை நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வெளியே நீட்டியிருக்கும் சென்டர்போர்டில் ஏறி நின்று, பின்னால் சாய வேண்டும். முதலில் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். பாயின் மேலிருக்கும் தண்ணீர் வடிய நேரம் வேண்டும். பொறுமையாகச் சாய்ந்தே இருந்தால் பாய்மரம் மெல்லத் தண்ணீரை விட்டுப் பிரியும், அப்புறம் ஒரே எழும்பல். வேஃபேரரில் இருவர் இருந்தால், ஒருவர் உள்பக்கம் மிதந்தபடி இருந்து, படகு நிமிரும்போது அதனோடு சேர்ந்து உள்ளே வாரிக்கொள்ளப்படுவார்.

என்ன ஆனாலும் படகை விட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. கவிழ்ந்த படகு மிதக்கும், தூரத்திலிருந்தே கண்ணில் படும். தண்ணீரில் ஒரு தலை மட்டும் தெரிந்தால் கண்டுபிடிப்பது கடினம். இதை எங்கள் பயிற்றுநர் ஒவ்வொரு நாளும் சொன்னார், அலுப்பே இல்லாமல்.

உடைகளில் முக்கியம் மிதவை உடுப்பு. டிங்கிக்குப் பெரும்பாலும் 50 நியூட்டன் மிதப்பு விசை உள்ள வகை கொடுப்பார்கள். அசைவுக்கு வசதி, ஆனால் நீந்தத் தெரிந்தவருக்கு, மீட்பு பக்கத்தில் இருக்கும் இடத்துக்குத்தான் அது. மயங்கியவரை முகம் மேலே வரும்படி திருப்பிவிட 150 நியூட்டன் லைஃப் ஜாக்கெட் வேண்டும். எதைப் போட்டாலும் தோள் பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், தாடைக்கு ஏறினால் தளர்வாக இருக்கிறது. கையுறையும் மூடிய காலணியும் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் பள்ளியுடையதே போதும்.

முடிச்சுகளில் உண்மையில் தினமும் கை போவது 8 வடிவில் போடும் எட்டு முடிச்சும் பவ்லைனும்தான். எட்டு முடிச்சு கயிற்று நுனி கப்பியிலிருந்து உருவி ஓடிவிடாமல் தடுக்க, பவ்லைன் இறுகாத வளையம் போட. வழிவிடும் விதிகளில் இரண்டு உடனே மனப்பாடம் ஆக வேண்டும். இரண்டு பாய்மரப் படகுகள் நெருங்கும்போது, இடப்பக்கமிருந்து காற்று வாங்குபவர் வலப்பக்கமிருந்து வாங்குபவருக்கு வழிவிட வேண்டும். இருவரும் ஒரே பக்கம் வாங்கினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் விலக வேண்டும். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகளில் இருப்பது இதுதான்.

இனிச் சான்றிதழ் கையில் வந்த பிறகு நடந்தது. பயிற்சி முடித்தவர்களில் நிறையப் பேர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள், சொந்தப் படகு இல்லை, தனியாகப் போகப் பயம். எங்கள் பள்ளியில் மீட்புப் படகு தண்ணீரில் இருக்கும் நேரங்களில், பயிற்சி முடித்தவர்களும் படகு எடுத்து ஓட்டலாம். யாரும் கத்திச் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் ஒரு கண் நம் மேல் இருக்கும். நான் கற்றதில் பெரும்பகுதி அந்த நேரங்களில் கற்றது. பலத்த காற்று ஒன்று நெருங்கும்போது தண்ணீர் கருத்துச் சுருங்கி ஒரு திட்டாக நகர்ந்து வரும். அது படகைத் தொடும் முன்பே உடம்பை வெளியே சாய்க்கத் தயாராகி, தொட்டதும் மெயின்ஷீட்டைக் கொஞ்சம் விட்டு, படகு தட்டையானதும் திரும்ப இழுத்தால், சாய்க்கப் பார்த்த அதே காற்று படகை முன்னே தள்ளும். வகுப்பில் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். உடம்பு அதை யோசிக்காமல் செய்ய எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவையில் 3, அதாவது 7 முதல் 10 நாட் (மணிக்குக் கடல் மைல்) காற்று, கற்றுக்கொள்ள மிக நல்ல நாள். 4 என்றால் 11 முதல் 16 நாட். அலைகளின் தலையில் நிறைய வெள்ளை தெரியும். அந்த நாளில் எனக்குச் சிறிய பாய்தான்.

குறைகளும் உண்டு. பள்ளியின் பாய்கள் பழையவை. துணி தொய்ந்துபோனதால் காற்றை நோக்கி ஏறும்போது படகு திணறும், கற்பவரோ தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். புதியவர்களுக்குத்தான் நல்ல பாய் தேவை. இரண்டாவது, வேறொரு பள்ளியில் என் நண்பர் சேர்ந்தார். ஒரு படகில் ஐந்து மாணவர்களை ஏற்றியதால் டில்லர் அவர் கைக்கு வந்த நேரம் மிகக் குறைவு. அதை நான் பயிற்சி என்றே சொல்லமாட்டேன், அது படகுச் சவாரி. மூன்றாவது, காற்றே இல்லாத நாளை எங்கள் பள்ளியும் வீணடித்தது. மெல்லிய காற்றில் அசையாமல் உட்கார்ந்து படகை நகர்த்துவது தனிக் கலை. அதைச் சொல்லித்தராமல் கரையில் முடிச்சுப் போட வைத்தார்கள்.

சேரும் முன் பள்ளியில் கேட்க வேண்டியவை: ஒரு படகில் எத்தனை மாணவர்கள், நாளில் எவ்வளவு நேரம் டில்லர் என் கையில் இருக்கும், கவிழ்ப்புப் பயிற்சி எந்த நாளில், பயிற்சி முடிந்த பிறகு மீட்புப் படகின் பாதுகாப்பில் நானே ஓட்ட வழி உண்டா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் நான் அடுத்த பள்ளியைத் தேடுவேன். ஒரு முறை நேரில் போய்க் கரையில் நின்று, ஒரு வகுப்பு முடிந்து படகுகள் திரும்புவதையும் பாருங்கள். எந்தப் படகையும் கயிறு கட்டி இழுத்து வராமல், மாணவர்களே பாயைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்துக் கொண்டுவந்து சேர்த்தால், தைரியமாகப் பெயரைக் கொடுக்கலாம்.