ஏர் ரைஃபிள்ல முயல், எலி: பல வருஷ யூஸுக்கு அப்புறம் என் அனுபவம்

ஏர் ரைஃபிள் வாங்கப் போறேன்னு சொல்ற பத்துல ஒன்பது பேரு முதல்ல கேக்குறது எத்தனை எஃப்பிஎஸ் (குண்டு நொடிக்கு எத்தனை அடி வேகத்துல போகுது), எவ்ளோ தூரம் அடிக்கும்னுதான். ஒரு ஸ்பிரிங் கன் (லீவரை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடுறது), ஒரு பிசிபி (முன்கூட்டியே அழுத்தமா காத்து நிரப்பி வெச்சுச் சுடுறது) ரெண்டையும் பல வருஷமா மாத்தி மாத்தி வெச்சு முயலும் எலியும் அடிச்சுட்டு இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன், அது ரெண்டும் கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. நான் வாங்குனதுலயே காசுக்கு ஒர்த்னா அது தூரம் அளக்குற லேசர் ரேஞ்ச்ஃபைண்டர்தான், துப்பாக்கி எல்லாம் அதுக்கு அப்புறம். ஏன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அதுக்கு முன்னாடி சட்டம். இந்தியாவுல காட்டு முயல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, ஏர் கன்னுக்கு லைசன்ஸ் வேணுமா வேணாமாங்கிறது வேற விஷயம், முயலை அடிச்சா கேஸுதான், அங்க இருக்கிறவங்க இதுல எலி பத்தின பகுதியை மட்டும் எடுத்துக்கோங்க. இங்கிலாந்துல ரைஃபிள் 12 அடி-பவுண்டு (குண்டு வெளிய வரும்போது இருக்கிற எனர்ஜி) வரைக்கும் லைசன்ஸ் இல்லாம வெச்சுக்கலாம், ஸ்காட்லாந்துல அதுக்கே சர்டிபிகேட் வேணும், ஜெர்மனில 7.5 ஜூல் தாண்டுனா பர்மிட். அவங்கவங்க ஊர் ரூல்ஸைப் பார்த்துக்கோங்க, நிலத்துக்காரர்கிட்ட அனுமதியை எழுதியே வாங்கிக்கோங்க.

என்கிட்ட இருக்கிற ரெண்டுமே 12 அடி-பவுண்டுக்கு உள்ளதான், ஜூல் கணக்குல சுமார் 16. ஸ்பிரிங் கன் வைஹ்ராக் எச்டபிள்யூ 97, .177 போர் (பேரலோட உள்விட்டம், அங்குலத்துல). பிசிபி .22. இந்த பவர் பத்தாதுன்னு சொல்ற ஆளுங்க நிறைய இருக்காங்க. முயலோட மண்டையில சரியான இடத்துல பட்டா 30 மீட்டர்ல இந்த பவர் தாராளமா போதும், உடம்புல பட்டா இதைவிட ரெண்டு மடங்கு பவர் இருந்தாலும் அது வளைக்குள்ள ஓடிப் போய் உள்ள கிடந்து சாகும், அது அசிங்கம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல சுமாரா ஒரு பாட்டில் மூடி சைஸ் இடம், அவ்ளோதான் டார்கெட். அந்த மூடிக்குள்ள திரும்பத் திரும்ப எத்தனை மீட்டர்ல அடிக்க முடியுதோ அதுதான் உங்க ரேஞ்ச், டப்பாவுல என்ன போட்டிருக்குங்கிறது இல்ல. எனக்கு ஸ்பிரிங் கன்ல 25, பிசிபில 35. காத்து அடிச்சா ரெண்டுலயும் பத்து மீட்டர் குறைச்சுக்குவேன்.

இப்போ தூரக் கணக்கு. பெல்லட் (ஏர் ரைஃபிளோட சின்ன ஈயக் குண்டு) நேர்கோட்டுல போறதில்ல, ஸ்கோப் பேரலுக்கு நாலஞ்சு சென்டிமீட்டர் மேல உக்காந்திருக்கு, அதனால பெல்லட் கீழ இருந்து ஏறி பார்வைக் கோட்டை ஒரு தடவை தாண்டும், அப்புறம் வளைஞ்சு இறங்கும்போது இன்னொரு தடவை தாண்டும். .177ல 8.44 கிரெய்ன் எடை பெல்லட்டை 790 எஃப்பிஎஸ் பக்கத்துல விட்டு 30 மீட்டருக்கு ஜீரோ வெச்சீங்கன்னா (அதாவது அந்த தூரத்துல குறி வெச்ச இடத்துலயே படுற மாதிரி ஸ்கோப்பைத் திருப்பி வெச்சா), 20 மீட்டர்ல அரை சென்டிமீட்டர் சொச்சம் மேல படும், 35ல ஒண்ணேகால் சென்டிமீட்டர் பக்கம் கீழ, 40ல மூணு சென்டிமீட்டர் சொச்சம் கீழ. .22ல 15.89 கிரெய்ன் 575 எஃப்பிஎஸ்ல போகுது, எனர்ஜி அதேதான் ஆனா மெதுவா போறதால வளைவு ஜாஸ்தி, 20ல ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம் மேல, 35ல ரெண்டரை சொச்சம் கீழ, 40ல ஆறு சொச்சம் கீழ. இப்போ யோசிச்சுப் பாருங்க, பாட்டில் மூடியோட நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கூட இல்ல. 30ன்னு நினைச்சு சுட்ட முயல் 35ல இருந்துச்சுன்னா .177ல மூடியோட ஓரத்துக்கே போயிடும், .22ல அவுட். மூக்குல படலாம், தாடையில படலாம், அதெல்லாம் மிஸ்ஸை விட மோசம். பச்சைப் புல்வெளியில சாயங்கால வெளிச்சத்துல அஞ்சு மீட்டர் வித்தியாசத்தை வெறும் கண்ணால கண்டுபிடிச்சுடுவேன்னு சொல்றவங்களை நான் நம்புறதில்ல.

அதுக்குத்தான் ரேஞ்ச்ஃபைண்டர். கோல்ஃப்க்கு விக்கிற சாதாரண மாடலே போதும், ஆனா வாங்கும்போது குறைஞ்சபட்ச தூரம் எவ்ளோன்னு பாருங்க, சிலது பத்து மீட்டருக்குள்ள ரீடிங்கே காட்டாது. முயல் மேல நேரா அடிச்சா முன்னாடி நிக்குற புல்லுல பட்டு தப்பா காட்டும், அதனால போய் உக்காந்த உடனே முயல் வர்றதுக்கு முன்னாடியே வேலிக் கம்பம், முள்ளுப் புதர், ஒரு கல்லுன்னு நாலஞ்சு இடத்தை அளந்து மனசுல வெச்சுக்குவேன். அப்புறம் முயல் எந்த அடையாளத்துக்குப் பக்கத்துல வருதுன்னு பார்த்தா போதும், கையை அசைக்கவே வேணாம்.

கிட்ட இருக்கும்போதுதான் நிறைய பேரு ஏமாறுறது. கொட்டகைக்குள்ள எலி அஞ்சு மீட்டர்ல நிக்குது, இவ்ளோ கிட்டன்னு குறுக்குக் கோட்டை நேரா மண்டையில வெச்சு தட்டினா ரெண்டு சென்டிமீட்டர் பக்கம் கீழ போய் தரையில அடிக்கும், எலி உங்களைப் பார்த்துட்டு சாவகாசமா நடந்து போகும். கிட்ட வர வர மேல பிடிக்கணும், கேக்க விசித்திரமா இருந்தாலும் கணக்கு அதுதான். மில்டாட் ரெட்டிக்கிள் (குறுக்குக் கோட்டுல சம இடைவெளியில புள்ளி வெச்சது) ஸ்கோப்பா இருந்தா எந்த தூரத்துக்கு எந்தப் புள்ளின்னு ஒரு சின்ன ஸ்டிக்கர் எழுதி ஸ்கோப் மூடி உள்பக்கம் ஒட்டிக்கலாம், நான் அப்படித்தான். பெல்லட் வளைவைக் கணக்குப் போடுற ஆப்ல வர்ற கணக்கை அப்படியே நம்பாம பேப்பர்ல அஞ்சு அஞ்சு மீட்டரா சுட்டுப் பார்த்து எழுதுங்க.

ஸ்பிரிங் கன் பத்தி. மெயின்டனன்ஸ் கம்மி, பம்ப் பாட்டில் எதுவும் தேவையில்ல, எச்டபிள்யூ 97ல இருக்கிற ரெகார்ட் ட்ரிகர் இன்னிக்கும் எனக்குப் பிடிச்ச ட்ரிகர். ஆனா பழகுறதுக்கு நாளாகும். உள்ள பிஸ்டன் முன்னாடி பாயும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்கும், பிஸ்டன் முட்டி நிக்கும்போது முன்னாடி இழுக்கும், இதெல்லாம் பெல்லட் பேரலை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும். அதனால இறுக்கிப் பிடிச்சா ஒரு இடம், லூசா பிடிச்சா வேற இடம், வேலிக் கம்பம் மேல நேரா வெச்சு சுட்டா மூணாவது இடம். இடது உள்ளங்கையை விரிச்சு அது மேல சும்மா படுக்க வெச்சு, தோள்ல லேசா ஒட்டி, சுட்ட பிறகும் ஸ்கோப்ல இருந்து கண்ணை எடுக்காம ஒரு நொடி அப்படியே இருக்கணும். இந்த ரெண்டு பக்க உதை சாதாரண ஸ்கோப்பை உள்ளயே உடைச்சுடும், பெரிய துப்பாக்கிக்கே தாங்கும்னு சொல்லி வித்த ஒரு ஸ்கோப் எனக்கு ஒரு சீசன் கூட தாங்கல, ரெட்டிக்கிள் சாஞ்சு போச்சு, வாரண்டி கேட்டதுக்கு ஏர் கன்னுக்குப் போட்டதால கிடையாதுன்னுட்டாங்க. ஸ்பிரிங் ஏர் கன்னுக்குன்னே ரேட்டிங் இருக்கிறதா வாங்குங்க, ஸ்கோப்பைப் பிடிக்கிற மவுண்ட்ல அது நகராம தடுக்குற ஸ்டாப் பின் இருக்கணும், ஸ்டாக் ஸ்க்ரூவை அப்பப்போ டைட் பண்ணுங்க. குரூப் (பேப்பர்ல பெல்லட் பட்ட ஓட்டைகளோட கூட்டம்) திடீர்னு விரிஞ்சா பெல்லட்டைத் திட்டுறதுக்கு முன்னாடி அந்த ஸ்க்ரூவைத்தான் பாக்கணும்.

பிசிபில உதைனு ஒண்ணும் கிடையாது, மேகசின் இருக்கு, படுத்துக்கிட்டே போல்ட்டை இழுத்து ரெண்டாவது ஷாட் ரெடி. முயல் முன்னாடி லீவரை இழுத்து மடக்குற சர்க்கஸ் வேணாம், அதுவே பெரிய விஷயம். தலைவலி காத்து நிரப்புறதுதான். என்னோடதுல 200 பார் அழுத்தம் வரைக்கும் போடலாம், கை பம்ப்ல அடிச்சா கடைசி 50 பார் உயிர் போகும், ஈரமும் உள்ள போகும், டைவிங் பாட்டில் இருந்தா நிம்மதி. மெதுவா நிரப்புங்க, வேகமா விட்டா சூடாகி 200 காட்டும், ஆறுன பிறகு குறைஞ்சு நிக்கும். ஓ-ரிங்குக்கு (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) சிலிகான் கிரீஸ் மட்டும்தான், சைக்கிளுக்குப் போடுற எண்ணெயை இதுல விட்றாதீங்க, அழுத்தமான காத்துல பெட்ரோலிய எண்ணெய் தீப்பிடிச்சு வெடிக்கும், இது விளையாட்டு இல்ல. என் துப்பாக்கில நடுவுல மெதுவா லீக் ஆக ஆரம்பிச்சுது, ராத்திரி கேஜ் பார்த்துட்டு காலைல பார்த்தா 20 பார் காணோம், நிரப்புற வால்வு ஓ-ரிங்தான், மாத்தினதும் சரியாச்சு.

பெல்லட் விஷயத்துல சுருக்கமா: உருண்டை மூக்கு டோம் பெல்லட் வாங்குங்க, கூர் மூக்கு, உள்குழிவு, பிளாஸ்டிக் முனை எல்லாம் விளம்பரம்தான், கிட்ட எலிக்கு வேணா பரவால்ல. ஜேஎஸ்பி எக்ஸாக்ட் என் ரெண்டு பேரலுக்கும் ஒத்துப் போச்சு, உங்க பேரலுக்கு வேற பிடிக்கலாம், நாலு விதம் வாங்கி சுட்டுத்தான் பாக்கணும். டப்பாவைக் கீழ போட்டா பெல்லட்டோட பாவாடை (பின்பக்க மெல்லிய விளிம்பு) நசுங்கும், நசுங்கினதை பிராக்டிஸுக்கு ஒதுக்கிடுங்க. பேரலை சும்மா சும்மா கிளீன் பண்ணாதீங்க, குரூப் விரிஞ்சா மட்டும் ஒரு துணி இழுங்க, இழுத்த பிறகு கொஞ்ச நேரம் சுட்டாத்தான் மறுபடி செட் ஆகும்.

முயலுக்கு சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம்தான் நேரம், விடியக்காலையும் சரி. காத்து முயல் பக்கம் இருந்து நம்ம பக்கம் வரணும். வளை இருக்கிற வேலியை ஒட்டி முதல்ல வெளிய வந்து மேயும், ஒண்ணு பின்னங்காலைத் தரையில டொம்முனு தட்டினா எல்லாம் ஒரே ஓட்டம், அன்னிக்கு அந்த இடம் முடிஞ்சுது, வேற மூலைக்குப் போயிடுங்க. தலையைக் குனிஞ்சு மேயுறப்போ மண்டை ஆடிக்கிட்டே இருக்கும், நாக்கால லேசா ஒரு சத்தம் கொடுத்தா தலையைத் தூக்கி அசையாம நிக்கும், அந்த ரெண்டு நொடிதான். பட்டதும் சில சமயம் பயங்கரமா உதைச்சுக்கும், அது நரம்பு, ஆனாலும் அடுத்த பெல்லட்டை ஏத்திட்டுத்தான் கிட்ட போகணும், ஒரு குச்சியால கண்ணைத் தொட்டு சிமிட்டலைன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். சமைக்கிறதா இருந்தா சூடு இருக்கும்போதே அடிவயித்தைக் கட்டை விரலால கீழ் நோக்கி அழுத்தி மூத்திரத்தை வெளியேத்திட்டு வயித்தைக் கிழிச்சு குடலை எடுத்துடணும், லேட் பண்ணா கறி நாறும். ஈரல்ல நோய்க்கு அறிகுறியா வெள்ளைப் புள்ளி இருக்கா பாருங்க. கண்ணும் முகமும் வீங்கி சீழ் பிடிச்சு மெதுவா நடந்துட்டு இருந்தா அது மிக்ஸோமடோசிஸ், மனுஷனுக்கு ஒட்டாது, ஆனா அது படுற வேதனைக்கு ஒரு பெல்லட் கொடுத்துட்டு விட்டுடுங்க, வீட்டுக்குக் கொண்டு வராதீங்க.

எலிக்கு ராத்திரி. தானியத்தைக் கொட்டி வெச்சா வாயில கவ்விட்டு ஓடிடும், வேர்க்கடலை பட்டரைக் கட்டை மேல நல்லா பூசி விட்டா நின்னு நக்கித்தான் ஆகணும், அப்போ மண்டை அசையாது. ரெண்டு மூணு நாள் சுடாம வெறும் தீனி மட்டும் வைங்க, பயம் போகட்டும். சிவப்பு டார்ச் ஓகே, இன்ஃப்ராரெட் நைட் விஷன் அதைவிட நல்லது, 850 நானோமீட்டர் லைட்ல லேசா சிவப்புப் பொட்டு தெரியும், 940ல தெரியாது ஆனா தூரம் குறையும், கொட்டகைக்கு 940 தாராளம். கட்டைக்குப் பின்னாடி மணல் மூட்டை போடாம சுடாதீங்க, கான்கிரீட்ல பட்ட பெல்லட் எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. செத்த எலியை வெறுங்கையால தொடவே கூடாது, லெப்டோஸ்பைரோசிஸ் மூத்திரத்துலயே இருக்கும். இவ்ளோ பாடுபடுறதுக்கு விஷம் வெச்சுட்டுப் போகலாமேனு கேப்பாங்க, விஷம் தின்ன எலியை ஆந்தை தின்னா ஆந்தையும் போகும், நாய் பூனையும் மாட்டும், எனக்கு அதுல இஷ்டம் இல்ல.

ஆனா ஒண்ணு, ஏர் ரைஃபிளால கூட்டத்தையே ஒழிக்கலாம்னு நினைச்சா நடக்காது. பெண் முயலுக்கு ஒரு மாசம்தான் சினைக்காலம், குட்டி போட்ட உடனே மறுபடி சேரும், எலிக்கு மூணு வாரம் சொச்சம். நீங்க வாரத்துக்கு நாலு அடிச்சா அது எட்டு போடும். வேலி அடியில கம்பி வலையை மண்ணுக்குள்ள புதைச்சு, தீவனத்தை மூடி போட்ட டிரம்ல வெச்சு, அதுக்கு மேல மிச்சம் இருக்கிறதுக்குத்தான் துப்பாக்கி. நிலத்துக்காரருக்கும் இதை முதல்லயே சொல்லிடுங்க, இல்லனா ஒரு மாசத்துல என்னப்பா இன்னும் முயல் ஓடுதேன்னு உங்களைத்தான் கேப்பாரு.

எதை வாங்கலாம்னு கேட்டா, எலி மட்டும்தான், கொட்டகைக்குள்ளதான்னா .22 பிசிபி, முடிஞ்சா பவர் குறைக்கிற வசதியோட. வெளிய முயலும் சேர்த்துனா எனக்கு .177தான், வளைவு கம்மி. பட்ஜெட் இடிச்சா நல்ல ஸ்பிரிங் கன் ஒண்ணு, நடுத்தர ஸ்கோப் ஒண்ணு, மிச்ச காசுக்கு ரேஞ்ச்ஃபைண்டரும் பெல்லட்டும், பத்து டப்பா பேப்பர்லயே காலியாகட்டும், அப்புறம் வயலுக்குப் போங்க.