ஸ்டிக்கரில் 52 சிசி, உள்ளே 43: பிரஷ் கட்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

புல் வெட்டும் மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் கடைக்குக் கிளம்பும் முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது 9,500 ரூபாயும், ரிப்பேர் என்று வாங்கிய 1,850 ரூபாயும். அதுகூடப் பரவாயில்லை. "நான்தான் ஏதோ தப்பா ஓட்டிட்டேன் போல" என்று அப்பா இரண்டு மாதம் தன்னையே நொந்துகொண்டிருந்தார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

எங்கள் வீடு செங்கோட்டைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் 40 சென்ட் இடம். பதினெட்டு தென்னை, நாலைந்து கொய்யா, ஓரமாகக் கொஞ்சம் வாழை. ஆனியில் சாரல் பிடித்துவிட்டால் பத்தே நாளில் புல் முழங்காலுக்கு வந்து நிற்கும். கட்டுவிரியன் நடமாட்டம் வேறு. அம்மா விடிகாலையில் கிணற்றடிக்குப் போகவே பயப்படுவார். ஆள் விட்டு வெட்டலாம் என்றால் நாம் கூப்பிடும் நாளில் ஆள் கிடைப்பதில்லை. சரி, மெஷினே வாங்கிவிடலாம் என்று போன வருடம் அப்பாவும் நானும் டவுனுக்குப் போனோம்.

போனது புதுக் கடைக்கு இல்லை. பதினைந்து வருடமாக மோட்டார், பைப், வால்வு எல்லாம் அங்கேதான் வாங்குகிறோம். முதலாளி அப்பாவை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். இரண்டு மெஷின்களை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று பெயர் தெரிந்த கம்பெனி, 43 சிசி. இன்னொன்று நாங்கள் கேள்விப்படாத பெயர், டேங்க் மேல் பெரிய எழுத்தில் 52 சிசி என்று ஸ்டிக்கர். விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

"அதே காசுக்கு உங்களுக்கு 52 கிடைக்குது அண்ணாச்சி. இழுவை அதிகம். புதரெல்லாம் சும்மா சீவிரும்."

நாங்கள் 52ஐ எடுத்ததற்கு அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான் காரணம்.

பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் போட்டா விலை கூடும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு? நம்ம கடை எங்கயும் ஓடிரப் போறதில்ல" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். சீட்டின் தலையில் 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. ஆறு மாசம் வாரண்டி என்பதை வாயால்தான் சொன்னார். பெட்டியில் கையேடு இல்லை. எம்ஆர்பி இல்லை. இறக்குமதி செய்தவர் யார், எந்த நாட்டுச் சரக்கு என்ற விவரமும் இல்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லேபிள் இல்லாத ஒரு சின்ன பாட்டிலில் சிவப்பு எண்ணெய் கொடுத்து, "ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு மூடி ஊத்துங்க, போதும்" என்றார். அப்பா அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு மூடி, சிந்தாமல், சரியாக.

மூன்றாவது தடவை வெட்டும்போது, மொத்தம் ஐந்து மணி நேரம்கூட ஓடியிருக்காது, சத்தம் திடீரென்று மெலிந்தது. அப்பா ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். கிர்ர் என்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான், நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்யும் கயிற்றைப் பிடித்து இழுத்தால் சுவரில் கட்டிய கயிறு மாதிரி அசையவே இல்லை.

கடையில் கொண்டுபோய் விட்டோம். இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். கடைசியில் "பிஸ்டன் கிட் புதுசா போட்டாச்சு, வாரண்டியில இது வராது" என்று 1,850 வாங்கினார்கள். பழைய பிஸ்டனைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார் கடைப் பையன். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் ஓட்டினோம். ஸ்டார்ட் ஆகிறது, புல்லில் வைத்து அழுத்தினால் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது.

அதற்கு மேல் அந்தக் கடைக்குப் போக மனசில்லை. புளியரை போகும் ரோட்டில் ஒரு சின்ன ஷெட்டில் மரம் அறுக்கும் செயின் சா, ரப்பர் தோட்டத்து மெஷின்கள் எல்லாம் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு எடுத்துப் போனோம். அவர் இன்ஜினைப் பிரிக்கவே இல்லை. முதலில் சைலன்சரை மட்டும் கழற்றினார். கயிற்றை மெதுவாக இழுத்தபடி, புகை வெளியேறும் அந்த ஓட்டைக்குள் செல்போன் டார்ச்சை அடித்து, "இங்க வந்து பாருங்க சார்" என்று என்னைக் கூப்பிட்டார். பிஸ்டன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நகத்தால் பிறாண்டியது போல ஆழமான கோடுகள். அதற்குக் குறுக்கே பொடிப் பொடியாக வேறு கீறல்கள்.

"இது புது பிஸ்டன் இல்ல சார். ஜாம் ஆன அதே பிஸ்டன்தான். எமரி சீட்டு, அதான் உப்புத்தாள், போட்டுத் தேச்சு மாட்டியிருக்காங்க."

பிளேடு நட்டையும் காட்டினார். அது இடது மரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். கடையில் யாரோ எதிர்ப்பக்கம் முறுக்கி முறுக்கி நட்டின் மூலைகளையே மழுக்கியிருந்தார்கள். அது தெரியாத கையில்தான் எங்கள் மெஷின் மூன்று வாரம் இருந்திருக்கிறது.

பிறகு சிலிண்டரைக் கழற்றி, பெட்ரோல் துணியால் துடைத்து, வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தார். பிஸ்டன் 40 மி.மீ. இன்ஜின் அடிப்பக்கத்தைத் துடைத்ததும் '1ஈ40எஃப்' என்ற எண் தெரிந்தது. ஒரு சிலிண்டர், 40 மி.மீ. விட்டம் என்பதுதான் அதற்கு அர்த்தமாம். இந்த வகை இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 34 மி.மீ. கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை, நீங்களே போட்டுப் பார்க்கலாம். விட்டத்தில் பாதி 2 செ.மீ., அதை அதனாலேயே பெருக்கி 3.14ஆல் பெருக்கினால் 12.56. அதை 3.4ஆல் பெருக்கினால் 42.7. ஆக, 43 சிசி. உண்மையான 52 சிசி என்றால் பிஸ்டன் 44 மி.மீ. இருக்க வேண்டும், எண்ணும் '1ஈ44எஃப்' என்றுதான் இருக்கும். பெயர் தெரிந்த கம்பெனியின் 43ஐ ஒதுக்கிவிட்டு, பெயர் தெரியாத 43ஐத்தான் நாங்கள் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

சரி, ஜாம் ஏன் ஆனது? வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்கும் 10 மில்லி சிரிஞ்சை எடுத்து, அந்த பாட்டில் மூடியில் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தேன். 9 மில்லி. இந்த மாதிரிச் சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய்க்குத் தனி டேங்க் கிடையாது. பெட்ரோலில் நாம் கலக்கும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே வழவழப்பு. எங்களுடையது போன்ற மெஷினுக்குச் சாதாரண 2டி ஆயில் 25க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி ஊற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். அப்பா ஊற்றியது அதில் கால் பங்குகூட இல்லை. சொன்னபடி செய்ததால்தான் இன்ஜின் போனது. சில நல்ல கம்பெனி மெஷின்களுக்கு அவர்கள் சொல்லும் ஆயிலில் 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி போதும். எது என்பதைக் கையேட்டில் பார்த்து ஊற்றுங்கள், கடைக்காரர் வாயைப் பார்த்து ஊற்றாதீர்கள். கையேடு இல்லாத மெஷினை வாங்கவே வேண்டாம். பைக்குக்கு ஊற்றும் இன்ஜின் ஆயிலைக் கலக்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அது சுத்தமாக எரியாது, பிளக்கிலும் சைலன்சரிலும் கரியாகப் படிந்து அடைத்துவிடும்.

மறுநாள் பிஸ்டனையும் மூடியையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு கடைக்குப் போனேன். ஸ்டிக்கர் கம்பெனிக்காரன் ஒட்டுவது, அதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்றார் முதலாளி. ஆயில் நீங்கள் கலக்காமல் விட்டிருப்பீர்கள் என்றார். எமரி சீட்டு விஷயத்துக்குப் பதிலே இல்லை. கடைசியில், "பில் இருக்கா?" என்று கேட்டார். அவர் கையால் எழுதிய சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எஸ்டிமேட்தானே" என்று திருப்பிக் கொடுத்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பதினைந்து வருடப் பழக்கம்.

எஸ்டிமேட் சீட்டோடு நிற்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் சேர்ந்ததுதான், பில் போட்டால் விலை கூடும் என்பது பொய். பொருளை விற்றுவிட்டு பில் தராமல் இருப்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிகம் என்கிறது. நான் இரண்டு தடவையும் ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தேன். தேதி, தொகை, கடைப் பெயர் எல்லாம் அதில் இருந்தது, அதுதான் காப்பாற்றியது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அவர்கள் கடைக்குச் சொல்லிப் பார்ப்பார்கள், கட்டாயப்படுத்த முடியாது. கடையிலிருந்து பதில் வரவில்லை. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே நடத்தலாம், ஆன்லைனிலும் பதியலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனு இன்னும் நிலுவையில் இருப்பதால்தான் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. சிசியைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டுத் தோட்டத்துப் புல்லுக்கு 26 முதல் 35 சிசி தாராளம். 60 வயதுக்கு மேற்பட்டவர் தோளில் போடப் போகிறார் என்றால் எடைதான் முக்கியம், கடையிலேயே பெல்ட்டை மாட்டி ஐந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். என் அப்பா மாதிரி கலவைக் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கே நல்லது என்பேன். விலை கூடுதல்தான், ஆனால் எண்ணெய்க்குத் தனி இடம் இருக்கிறது, பெட்ரோலை அப்படியே ஊற்றலாம். ஒவ்வொரு தடவையும் சமதரையில் வைத்து எண்ணெய் மட்டத்தைப் பார்த்துவிட்டு இழுக்க வேண்டும், அவ்வளவுதான். எதுவாக இருந்தாலும் கடையிலேயே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் பிளேடு நின்றுவிட வேண்டும். சும்மா ஓடும்போதும் சுற்றிக்கொண்டே இருந்தால் ஐடில் ஸ்க்ரூ ஏற்றி வைத்திருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இன்ஜின் எண்ணைத் துடைத்துப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளேடுக்கு மேல் வரும் கார்டு, அதாவது கல் தெறிக்காமல் மறைக்கும் தடுப்பு, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பெட்டியில் அதுவே இல்லை. கேட்டதற்கு, "அது மாட்டினா புல்லு சிக்கும், எல்லாரும் கழட்டித்தான் ஓட்டுறாங்க" என்றார்கள். இரண்டாவது நாள் கொய்யா மரத்தடியில் ஒரு ஜல்லி தெறித்து அப்பாவின் முழங்காலுக்குக் கீழே பட்டது. வேட்டியோடு நின்றிருந்தார். நல்லவேளை, தோல் கிழிந்ததோடு போயிற்று. அதே கல் ஒரு அடி மேலே போயிருந்தால் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது. கார்டு, கண்ணாடி, பேன்ட், ஷூ, இவை நாலும் இல்லாமல் கயிற்றை இழுக்கவே கூடாது. ஓட்டுபவரைச் சுற்றி 50 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் கண்டிப்பாகக் கூடாது.

பராமரிப்பில் அந்த மெக்கானிக் சொல்லித்தந்ததில் பெரிய விஷயம், பெட்ரோலை டேங்கில் விட்டுவைக்காமல் இருப்பது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாபிரம் விறைத்துப் போகும், டியூப் கெட்டுப்போகும். அதனால் அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலந்துகொள்கிறோம். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறோம். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்து மாட்டுவது, இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை கியர் ஹெட்டுக்குக் கிரீஸ் வைப்பது, இரண்டும் அப்பாவின் வேலை.

அந்த மெக்கானிக் நிஜமாகவே புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கார்டும் வாங்கி மாட்டிக் கொடுத்தார். பழைய பிஸ்டனைக் கேட்காமலே பேப்பரில் சுற்றி அப்பா கையில் வைத்தார். அது இப்போது மனுவின் நகலோடு பீரோவில் இருக்கிறது. இந்த வருடமும் சாரல் பிடித்துவிட்டது. நேற்றுக் காலையில் அப்பா சிரிஞ்சில் பத்துப் பத்து மில்லியாக எடுத்து கேனில் ஊற்றினார். "நாலு" என்று சத்தமாகச் சொல்லி, நான் தலையாட்டிய பிறகுதான் மூடியை முறுக்கினார்.